'பேப்பர்' என்னும் ஆங்கிலப் பெயர்ச்சொல்லின் பல்பொருண்மையும் சீனமொழி பேசும் மாணவரும்

0. முன்னுரை

ஒரு சொல் பல பொருள் பயத்தலை மேலை மொழியியலில் 'பாலிசெமி' என்னும் பெயரால் முதலில் சுட்டியவர் பிரெஞ்சு அறிஞர் மிஷேல் பிரேயால் ஆவார் (1897). தமிழில் இது பல்பொருண்மை எனப்படுகிறது. ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்னும் வினா அகராதியாளர்க்கு உரியது. அம்மொழியை இரண்டாம் மொழியாகக் கற்பவர்க்கோ வேறொரு வினாவே முதன்மையானது: அப்பொருள்களை எதனைக் கொண்டு பிரித்தறிவது? இக்கட்டுரை 'பேப்பர்' என்னும் எளிய ஆங்கிலப் பெயர்ச்சொல்லைச் சீனமொழி பேசும் மாணவர் எதிர்கொள்ளும் நிலையை இவ்வினாவின் அடிப்படையில் ஆராய்கிறது. இச்சொல்லைக் கற்பிப்பதில் நிலவும் இரு கருத்துகளை, அதாவது ஒப்பீட்டு மொழியியலார் வகுத்த கடினப் படிநிலையையும் பொருள்களை மட்டும் எண்ணிட்டுத் தரும் சொற்பட்டியல் முறையையும், இக்கட்டுரை மறுக்கிறது.

சீனச் சொற்கள் இங்குத் தமிழ் எழுத்தில் தோராயமான ஒலிப்புடன் தரப்படுகின்றன. தொனிக்குறிகள் விடப்பட்டுள்ளன.

1. இரு சொற்களின் வரலாறு

ஆங்கிலப் 'பேப்பர்' இலத்தீன் 'பப்பைரஸ்' என்பதன் வழிவந்தது. எகிப்தில் நாணல் வகைச் செடியொன்றிலிருந்து செய்யப்பட்ட எழுதுபொருளின் பெயர், பின்னர்க் காகிதத்திற்கு ஆயிற்று. சீனத்தில் காகிதத்தைக் குறிக்கும் சொல் 'ஜி'. அதன் எழுத்துருவின் இடப்பக்க உறுப்பு பட்டுநூலைக் குறிப்பது. கி.பி. 105-இல் சாய் லுன் காகிதம் செய்யும் முறையை அரசருக்கு அறிவித்தார் எனக் கூறும் 'பிற்கால ஹான் வரலாறு', அதற்கு முன்னர் எழுதப் பயன்பட்ட பட்டுத்துணியே 'ஜி' எனப்பட்டது என்றும் கூறுகிறது. எனவே, இரு மொழிகளிலும் பழைய எழுதுபொருளின் பெயரே புதிய பொருளுக்கும் பெயராகியது.

இதன்பின் இரு சொற்களும் வெவ்வேறு வழிகளிற் சென்றன. ஆங்கிலச் சொல், எழுதுபொருளின் பெயராக இருந்து எழுதப்பட்டவற்றிற்கும் பெயராயிற்று. செய்தித்தாள், ஆய்வுக்கட்டுரை, தேர்வுத்தாள், ஆவணம் ஆகியன அனைத்தும் அதனுள் அடங்கின. கருவியின் பெயர் காரியத்திற்கு ஆவதாகிய இதனை நம் இலக்கண நூலார் கூறும் கருவியாகுபெயரோடு ஒப்பிடலாம். சீனம் இவ்வாறு ஒரே சொல்லை விரிக்காமல் தொகைச்சொற்களை ஆக்கிக்கொண்டது: 'பாவ்ஜி' (செய்தித்தாள்), 'லுன்வென்' (ஆய்வுக்கட்டுரை), 'ஷிஜுவான்' (தேர்வுத்தாள்), 'வென்ஜியென்' (ஆவணம்), 'ஜெங்ஜியென்' (அடையாளச் சான்று). இவற்றுள் 'பாவ்ஜி' ஒன்றிலேயே காகிதம் என்னும் உறுப்பு எஞ்சியுள்ளது. 'ஷிஜுவான்' என்பதன் ஈற்றிலுள்ள 'ஜுவான்' பழைய சுருள் ஏட்டின் பெயர்.

2. ஆங்கிலத்தில் பொருளைப் பிரிப்பது எது?

பின்வரும் தொடர்களைக் காண்க.

(1) ஐ நீட் பேப்பர்
(2) ஐ நீட் எ பேப்பர்
(3) ஐ நீட் எ ஷீட் ஆஃப் பேப்பர்
(4) ஐ நீட் த பேப்பர்ஸ்

(1)-இல் வேண்டப்படுவது எழுதுவதற்குரிய காகிதம். (2)-இல் வேண்டப்படுவது காகிதம் அன்று. கடைத்தெருவில் அது செய்தித்தாள். பல்கலைக்கழகத்தில் அது கட்டுரை. (3)-இல் ஒற்றைத் தாள் வேண்டப்படுகிறது. (4) பெரும்பாலும் ஆவணங்களைக் குறிக்கும். நான்கிலும் பெயர்ச்சொல் ஒன்றே. பெயருக்கு முன் 'எ' வருகிறதா, வராது நிற்கிறதா, பெயர் பன்மை விகுதி ஏற்கிறதா என்பனவே பொருளை வேறுபடுத்துகின்றன. யெஸ்பெர்சன் 1924-இல் வெளியிட்ட 'இலக்கணத் தத்துவம்' என்னும் நூலில் எண்ணத்தக்க பொருட்பெயர்களையும் எண்ணவியலாத் திரட்பெயர்களையும் வேறுபடுத்திக் காட்டினார். 'பேப்பர்' இவ்விரு வகையிலும் இயங்குவது. திரட்பெயராக நிற்கும்போது பருப்பொருளையும், எண்ணுப்பெயராக நிற்கும்போது எழுதப்பட்டதையும் அது குறிக்கிறது. ஆகவே, ஆங்கிலத்தில் இச்சொல்லின் பல்பொருண்மை அகராதிக்கு மட்டும் உரிய செய்தி அன்று; அதில் ஒரு பாதி இலக்கணத்திற்கு உரியது.

3. சீனத்தில் பொருளைப் பிரிப்பது எது?

சீனத்தில் ஆங்கிலத்தின் 'எ', 'த' போன்ற சொற்கள் இல்லை. காகிதம், மேசை முதலிய அஃறிணைப் பெயர்கள் பன்மை விகுதி ஏற்பதுமில்லை. எண்ணுப்பெயர் ஒன்றைப் பெயரோடு சேர்க்கும்போது இடையே 'லியாங்த்சு' எனப்படும் அளவைச்சொல் வருதல் வேண்டும்.

(5) யி ஜாங் ஜி (ஒரு தாள்)
(6) யி ஃபென் பாவ்ஜி (ஒரு செய்தித்தாள்)
(7) யி பியென் லுன்வென் (ஓர் ஆய்வுக்கட்டுரை)
(8) யி ஃபென் வென்ஜியென் (ஓர் ஆவணம்)

'ஜாங்' தட்டையான பரப்புடையவற்றிற்கு உரியது. மேசை, கட்டில், நிழற்படம் ஆகியனவும் அதனையே ஏற்கும். 'ஃபென்' படி அல்லது பங்கு என்னும் கருத்துடையது. 'பியென்' எழுதி முடிக்கப்பெற்ற கட்டுரை, கதை முதலியவற்றிற்கு உரியது. பெயர்ச்சொல் மாறாதிருக்க, அளவைச்சொல் மட்டும் மாறிப் பொருளை வேறுபடுத்தும் இடங்களும் உண்டு.

(9) யி ஜாங் பாவ்ஜி (செய்தித்தாளின் ஒரு தாள்)
(10) யி ஜியா பாவ்ஜி (ஒரு செய்தித்தாள் நிறுவனம்)

(6), (9), (10) ஆகிய மூன்றிலும் பெயர் 'பாவ்ஜி' ஒன்றே. 'ஃபென்' ஒரு படியையும், 'ஜாங்' அதிலிருந்து எடுத்த ஒரு தாளையும், நிறுவனங்களுக்குரிய 'ஜியா' அதனை வெளியிடும் அமைப்பையும் உணர்த்துகின்றன. சீனப் பெயர்கள் அனைத்தும் திரட்பெயர்களை ஒத்தவை என்பது கியெர்க்கியாவின் கருத்து (1998). எண்ணுப்பெயர், திரட்பெயர் வேறுபாடு சீனத்திலும் உண்டு, அது அளவைச்சொல்லின் நிலையில் வெளிப்படுகிறது என்பது செங், சிபெஸ்மா ஆகியோரின் கருத்து (1999). மேற்காட்டிய சான்றுகள் இரண்டாவது கருத்திற்கு அரண் செய்கின்றன. ஆங்கிலத்தில் 'எ' என்பதன் வரவும் வராமையும் செய்யும் பணியின் பெரும்பகுதியைச் சீனத்தில் அளவைச்சொல் செய்கிறது எனலாம்.

4. 'எளிது' என்னும் கோட்பாடு

ஸ்டாக்வெல், போவன், மார்ட்டின் ஆகியோர் ஆங்கிலத்தையும் ஸ்பானிஷையும் ஒப்பிட்டு 1965-இல் கடினப் படிநிலை ஒன்றை அமைத்தனர். தாய்மொழியில் ஒன்றாக இருப்பது கற்கும் மொழியில் இரண்டாகப் பிரிவது மிகக் கடினம். தாய்மொழியில் இரண்டாக இருப்பது கற்கும் மொழியில் ஒன்றாக இணைவது எளிது. இது அப்படிநிலையின் சாரம்.

இதன்படி சீனமொழி பேசுவோர்க்குப் 'பேப்பர்' எளிய சொல்லாதல் வேண்டும். ஐந்து சொற்கள் ஒன்றாக இணைகின்றன. மாணவர் ஐந்திற்கும் ஒன்றையே வழங்கினால் போதும். ஆனால் நிகழ்வது வேறு. ஒற்றைத் தாள் வேண்டும் மாணவர் (3)-ஐக் கூறாது (2)-ஐக் கூறுகிறார். கேட்பவர் செய்தித்தாளைத் தேடுகிறார். மூன்று கட்டுரைகள் எழுதியவர் பன்மை விகுதியின்றி 'த்ரீ பேப்பர்' என்கிறார். (4)-ஐக் கேட்பவர் வெறுந்தாள்களை எடுத்து நீட்டுகிறார்.

இப்பிழைகளுக்குக் காரணம் சொல்லறிவின்மை அன்று. ஐந்து சொற்கள் ஒன்றாக இணைந்தபோது அவற்றிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிடவில்லை. அது சொல்லிலிருந்து இலக்கணத்திற்கு இடம் மாறியது. மாணவர்க்குச் சொல்லளவில் ஏற்பட்ட எளிமை, அவர்தம் தாய்மொழியில் இல்லாத 'எ', 'த', பன்மை விகுதி ஆகியவற்றில் கடினமாகத் திரும்பி வருகிறது. சொல்லையும் இலக்கணத்தையும் தனித்தனியே ஒப்பிடும் கடினப் படிநிலை இவ்விடமாற்றத்தைக் காண இயலாது. அதன் குறை, ஒப்பிட்டதில் இல்லை. ஒப்பிட எடுத்துக்கொண்ட அலகில் உள்ளது.

5. சொற்பட்டியல் முறை

மாணவர்க்கான ஆங்கில-சீனச் சொற்பட்டியல்களில் 'பேப்பர்' என்பதன்கீழ் ஜி, பாவ்ஜி, லுன்வென், ஷிஜுவான், வென்ஜியென் எனப் பொருள்கள் எண்ணிட்டுத் தரப்படுவதுண்டு. இம்முறை ஆங்கில நூலைப் படிப்பவர்க்கு ஓரளவு உதவும். ஆங்கிலத்தில் எழுதுபவர்க்கும் பேசுபவர்க்கும் உதவாது. ஐந்து பொருள்களும் ஒரே வரிசையில் ஒரே தகுதியுடன் நிற்பதால், முதற்பொருள் திரட்பெயர், ஏனையவை எண்ணுப்பெயர் என்னும் அடிப்படை வேறுபாடு மறைக்கப்படுகிறது.

இதற்கு மாற்று புதிதன்று. ஹார்ன்பி, கேட்டன்பி, வேக்ஃபீல்டு ஆகியோர் தொகுத்து 1942-இல் டோக்கியோவில் வெளிவந்த ஆங்கில அகராதி, எண்ணத்தக்க பெயர்க்கும் எண்ணவியலாப் பெயர்க்கும் தனித்தனிக் குறியீடு தந்தது. இன்றைய ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியின் மூலம் அதுவே. அவ்வகராதி ஜப்பானிய மாணவரை முன்வைத்துத் தொகுக்கப்பட்டது என்பது இங்குக் கருதத்தக்கது. ஜப்பானிய மொழியிலும் ஆங்கிலத்தின் 'எ', 'த' போன்றவை இல்லை. எண்ணும்போது அளவைச்சொல் வேண்டும். இல்லாத இலக்கணக் கூறு எதுவென உணர்ந்தமையாலேயே அக்குறியீடு தேவைப்பட்டது எனலாம். ஆயினும் அக்குறியீடு ஆங்கிலப் பக்கத்தை மட்டும் விளக்குவது. சீன மாணவர்க்கு அது ஒரு குறியாக நிற்குமேயன்றி அறிந்த ஒன்றோடு இணையாது. அவர் அறிந்தது அளவைச்சொல். எனவே பதிவு பின்வருமாறு அமைதல் நன்று.

அ. திரட்பெயர்: ஜி. 'ஜாங்' வருமிடத்து ஆங்கிலத்தில் 'எ ஷீட் ஆஃப்' அல்லது 'எ பீஸ் ஆஃப்' வருதல் வேண்டும்.
ஆ. எண்ணுப்பெயர்: பாவ்ஜி. 'ஃபென்', 'ஜியா' வருமிடத்து 'எ பேப்பர்'.
இ. எண்ணுப்பெயர்: லுன்வென். 'பியென்' வருமிடத்து 'எ பேப்பர்'.
ஈ. எண்ணுப்பெயர்: ஷிஜுவான். 'ஃபென்' வருமிடத்து 'எ பேப்பர்'.
உ. பன்மை மட்டும்: வென்ஜியென், ஜெங்ஜியென். 'பேப்பர்ஸ்'.

காகித வகையைக் குறிக்கும்போது எண்ணவியலாப் பெயரும் 'எ' ஏற்கும் என்னும் விதிவிலக்கும் இம்முறையில் எளிதில் அடங்கும். சீனம் அவ்விடத்தில் வகையைக் குறிக்கும் 'ஜோங்' என்னும் அளவைச்சொல்லை வழங்குகிறது.

6. இம்முறையின் எல்லைகள்

அளவைச்சொல் ஒரு பாலமேயன்றி விதி அன்று. முதலாவதாக, 'ஷிஜுவான்' என்பதும் 'ஜாங்' ஏற்பதுண்டு; அங்கு 'எ ஷீட் ஆஃப்' பொருந்தாது. இரண்டாவதாக, செய்தித்தாளும் கட்டுரையும் ஆங்கிலத்தில் ஒருங்கே எண்ணுப்பெயர்கள். அவற்றைப் பிரிப்பது வினைச்சொல்லும் சூழலுமே. கட்டுரை எழுதப்படும்; செய்தித்தாள் வாங்கப்படும். மூன்றாவதாக, தொகையின் முன்னுறுப்பாக நிற்கும் 'பேப்பர்' 'எ', 'த' என்பவற்றின் துணையை இழந்துவிடுகிறது. 'பேப்பர் கப்' காகிதக் குவளை. 'பேப்பர் பாய்' செய்தித்தாள் போடும் சிறுவன். சீனம் முன்னதை 'ஜிபெய்' எனவும் பின்னதைப் 'பாவ்தோங்' எனவும் வேறு உறுப்புகளால் ஆக்குகிறது.

மறுபுறம், ஒத்துச்செல்லும் இடங்களும் உள. 'ஆன் பேப்பர்' என்பது ஆங்கிலத்தில் நடைமுறைக்கு வாராத திட்டத்தைக் குறிக்கும். சீனத்தில் 'ஜி ஷாங் தான் பிங்', அதாவது காகிதத்தின்மேல் போரைப் பேசுதல் என்பது இக்கருத்தினது. கி.மு. 260-இல் சாங்பிங் போரில் தோற்ற சாவ் குவோவைப் பற்றியது இத்தொடர். அவர் காலத்தில் எழுதியது மூங்கிற் பட்டைகளில், தொடர் பிற்காலத்தது. இத்தகைய தொடர்களில் 'பேப்பர்' பருப்பொருளாகவே நிற்பதால் மாணவர்க்கு இடர்ப்பாடில்லை. பொருள் எழுதப்பட்டதற்கு மாறும்போதே இடர் தோன்றுகிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்றாம்.

7. மொழிபெயர்ப்பாளர் நோக்கில்

சீன நூல்கள் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியே வருகின்றன. சீன ஆசிரியர் 'பாவ்ஜி', 'லுன்வென்', 'வென்ஜியென்' எனத் தெளிவாக வேறுபடுத்தி எழுதியவை ஆங்கிலத்தில் ஒரே 'பேப்பர்' ஆகிவிடுகின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளர் மீண்டும் அவற்றைப் பிரித்தல் வேண்டும். தமிழிலும் செய்தித்தாள், ஆய்வுக்கட்டுரை, வினாத்தாள், ஆவணம் எனச் சீனத்தைப் போன்றே தனிச்சொற்கள் இருத்தலின், முதல் மொழியிலும் இறுதி மொழியிலும் உள்ள வேறுபாடு இடைமொழியில் மட்டும் மறைந்து கிடக்கிறது. அதனை மீட்க மொழிபெயர்ப்பாளர்க்குக் கிடைக்கும் தடயம் 'எ' என்னும் ஓரெழுத்தும் பன்மை விகுதியுமே. அவற்றைக் கவனியாது 'தாள்' என்றே எங்கும் எழுதினால் அறிஞர் எழுதிய கட்டுரை வெறுந்தாளாகிவிடும்.

நம் பேச்சு வழக்கிலும் இந்நிலை உண்டு. "ஒரு பேப்பர் கொடுங்கள்" என்னும் தமிழ்த் தொடர் தாளையும் குறிக்கும், செய்தித்தாளையும் குறிக்கும். ஆங்கிலச் சொல்லைக் கடனாகப் பெற்ற நாம், அதன் பொருள்களைப் பிரிக்கும் இலக்கணத்தைப் பெறவில்லை.

8. முடிவுரை

'பேப்பர்' என்னும் சொல்லுக்கு எத்தனை பொருள் என எண்ணிக் கூறுவது சீன மாணவர்க்குப் பாதி விடையே ஆகும். அப்பொருள்களை ஆங்கிலம் இலக்கணத்தாலும், சீனம் தொகைச்சொல்லாலும் அளவைச்சொல்லாலும் பிரிக்கின்றன. இரண்டாம் மொழி அகராதி, சொல்லுக்குச் சொல் தருவதோடு நில்லாமல், பொருளைப் பிரிக்கும் கருவிக்குக் கருவி தருதல் வேண்டும். 'பேப்பர்' பற்றிக் கண்ட இம்முடிவு, பருப்பொருளையும் அதனால் ஆனதையும் ஒருங்கே குறிக்கும் 'கிளாஸ்', 'அயர்ன்' முதலிய பிற ஆங்கிலப் பெயர்களுக்கும் பொருந்துமா என்பது தொடர்ந்து ஆராயத்தக்கது.