தமிழும் இயந்திர மொழிபெயர்ப்பும்: தஞ்சை முதல் மதுரைக் கிளை வரை

ஒரு மொழியில் எழுதப்பட்ட அல்லது பேசப்பட்ட வாக்கியங்களைக் கணினி தானாகவே வேறொரு மொழியில் ஆக்கித் தருவது இயந்திர மொழிபெயர்ப்பு எனப்படும். தமிழில் இத்துறைக்கு ஏறத்தாழ நாற்பது வயது ஆகிறது. இலக்கண விதிகளைக் கணினிக்கு எழுதிக் கொடுத்த காலம் முடிந்து, வாக்கியங்களை எண்ணிக் கணக்கிட்ட காலம் வந்து, இன்று நரம்பணு வலைப்பின்னல்களின் காலம் நடக்கிறது. முறைகளைப் பற்றிய ஆய்வு இவ்வளவு வளர்ந்திருந்தும், பொறிக்கு ஊட்டப்படும் தமிழ் எங்கிருந்து வருகிறது, அது ஆக்கித் தரும் தமிழ் யார் கைக்கு எந்த வேலைக்காகப் போகிறது என்னும் இரண்டு கேள்விகளும் பின்தங்கியே நிற்கின்றன. மொழிபெயர்ப்பின் தரத்தைப் பெரிதும் தீர்மானிப்பவையோ இவ்விரண்டுதான்.

1954 ஜனவரியில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகமும் ஐ.பி.எம். நிறுவனமும் நியூயார்க்கில் நடத்திய செயல்விளக்கத்தில், 250 சொற்களையும் 6 இலக்கண விதிகளையும் மட்டும் கொண்ட கணினி ருஷ்ய வாக்கியங்கள் சிலவற்றை ஆங்கிலமாக்கிக் காட்டியது. அதனால் எழுந்த பெருநம்பிக்கை, 1966-இல், இத்துறையின் பயனை ஆராய அமைக்கப்பட்ட ஆல்பாக் குழுவின் அறிக்கை வெளிவந்து அமெரிக்க அரசின் நிதி வற்றியபோது அடங்கியது. தமிழின் முதல் முயற்சியும் ருஷ்ய மொழியிலிருந்தே தொடங்கியது. 1981-இல் நிறுவப்பட்ட தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் அந்தப் பத்தாண்டிலேயே ருஷ்ய–தமிழ் மொழிபெயர்ப்புப் பொறி ஒன்றை உருவாக்கும் பணியில் இறங்கியது. அப்பணியில் ஈடுபட்ட கே. சி. செல்லமுத்து பின்னாளில் அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். சோவியத் நூல்கள் தமிழ்நாட்டில் பரவலாக வாசிக்கப்பட்ட காலத்தில் இத்தேர்வு இயல்பானதே. ருஷ்ய மொழியும் தமிழைப் போலவே பெயர்ச்சொல்லின் ஈற்றில் வேற்றுமையைக் காட்டும் மொழி என்பது அதற்குத் துணையாகவும் இருந்திருக்கும். இன்றைய கைபேசியோடு ஒப்பிடவே முடியாத சிறு கணினிகளை வைத்துக்கொண்டு, அறிவியல் எழுத்தைத் தமிழுக்குக் கொண்டுவரத் துணிந்த அப்பணி, தமிழ்க் கணிமை வரலாற்றில் இன்று பெற்றிருப்பதைவிடப் பெரிய இடத்துக்கு உரியது.

விதிகளை எழுதும் முறை தமிழில் எதிர்கொண்ட முதன்மையான சிக்கல் சொல்லின் அமைப்பே ஆகும். 'மணப்பாறை முறுக்குக்காரர்களிடமிருந்துதான் வாங்கிக்கொண்டிருந்தார்களாம்' என்னும் வாக்கியத்தில் மூன்றே சொற்கள் உள்ளன. இரண்டாம் சொல்லில் 'முறுக்கு' என்னும் பெயரோடு, தொழில் செய்வோரைக் குறிக்கும் 'காரர்', பன்மை காட்டும் 'கள்', நீங்கல் பொருள் தரும் 'இடமிருந்து', அழுத்தம் தரும் 'தான்' ஆகியவை ஒட்டி நிற்கின்றன. மூன்றாம் சொல்லிலோ 'வாங்கு' என்னும் வினையடியோடு, செயல் தொடர்ந்து நடந்ததைக் காட்டும் 'கொண்டிரு' என்னும் துணைவினை, இறந்தகால இடைநிலை, பலர்பால் விகுதி ஆகியவை சேர்ந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில், சொல்பவர் தாம் நேரில் கண்டதைச் சொல்லவில்லை, பிறர் சொல்லக் கேட்டதையே சொல்கிறார் என்பதை உணர்த்தும் 'ஆம்' என்னும் இடைச்சொல் வந்து அமர்கிறது. ஒரே வினையடி இவ்வாறு ஆயிரக்கணக்கான வடிவங்களை எடுப்பதால் அவற்றையெல்லாம் அகராதியில் அடுக்கிவைக்க இயலாது. சொல்லைப் பிரித்துப் பகுதி வேறு, உருபு வேறு என்று காட்டும் உருபனியல் பகுப்பாய்வி என்னும் நிரல் தேவைப்படுகிறது. சென்னையில் ஏ.யூ.-கே.பி.சி. ஆய்வு மையமும் அண்ணா பல்கலைக்கழகமும், கோவையில் அமிர்தா பல்கலைக்கழகமும் இதில் நெடுங்காலம் உழைத்துள்ளன. இந்திய மொழிகளுக்கிடையிலான 'சம்பர்க்' என்னும் கூட்டுத் திட்டத்தில் தமிழ்–இந்தி, தெலுங்கு–தமிழ் போன்ற இணைகளுக்குப் பொறிகள் அமைந்ததற்கு இந்த உழைப்பே அடித்தளம். இவ்விணைகளில் இரு மொழிகளும் வினையை இறுதியில் வைப்பவை என்பதால், சொற்களின் வரிசையைப் புரட்டிப் போட வேண்டிய ஆங்கில மொழிபெயர்ப்பைவிட இங்கே பாதி வேலை குறைந்துவிடுகிறது.

இரண்டாம் முறை புள்ளியியல் முறையாகும். ஒரே செய்தியை இரு மொழிகளில் தரும் வாக்கியங்களை இணை இணையாகச் சேர்த்து, எந்தச் சொல்லுக்கு எதிரே எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்பதைக் கணினியே கணக்கிட்டுக்கொள்ளும்படி விடுவது இம்முறை. 2001-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனத்தில் உல்ரிக் கெர்மான் தமிழ்–ஆங்கிலப் பொறி ஒன்றை அடியிலிருந்து கட்டிப் பார்த்தார். தக்க இணைத் தரவு இல்லாததால் அதையும் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது. சேர்ந்தவை சுமார் 5,000 வாக்கிய இணைகளே. வெளிவந்த ஆங்கிலம் படிக்க முடியாத அளவுக்குச் சிதைந்திருந்தது. ஆயினும் தமிழே அறியாதவர்கள் அதைப் படித்து, ஒரு கட்டுரை எதைப் பற்றியது என்பதை 86 விழுக்காடு வரை சரியாகச் சொன்னார்கள். கட்டுரையிலிருந்து கேட்கப்பட்ட வினாக்களுக்கான விடைகளிலோ 64 விழுக்காட்டைத்தான் முழுமையாகக் கண்டறிய முடிந்தது. மொழிபெயர்ப்பு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்பது போதாது, எந்த வேலைக்கு என்று சேர்த்துக் கேட்க வேண்டும் என்பதை இத்தனை தெளிவாகக் காட்டிய ஆய்வு தமிழைப் பொறுத்தவரை வேறொன்றைச் சொல்வது கடினம்.

பின்னர் பிராகாவின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் லோகநாதன் இராமசாமியும் அவருடைய குழுவினரும் செய்தி, திரைப்படம், விவிலியம் ஆகியவற்றிலிருந்து சுமார் 1,70,000 ஆங்கில–தமிழ் வாக்கிய இணைகளைத் திரட்டிப் பொதுவில் வைத்தனர். திரட்டு பெருகியது, ஆனால் அதிலுள்ள தமிழ் எவ்வகைத் தமிழ் என்பது அம்மூன்று மூலங்களைப் பார்த்தாலே விளங்கும். திருவரங்கத்தில் வைணவ ஆசிரியர்கள் வளர்த்த மணிப்பிரவாள உரைநடைக்கோ, மணப்பாறை மாட்டுச் சந்தையின் விலைபேச்சுக்கோ அதில் இடமில்லை. பொறி தான் கண்ட தமிழையே திரும்பத் தரும் என்பதால், காணாத தமிழ் அதன் வாயில் செய்தித்தாள் நடைக்கு மாறிவிடுகிறது.

கூகுள் நிறுவனம் 2011 ஜூனில் தன் மொழிபெயர்ப்புச் சேவையில் தமிழைச் சேர்த்தது. அதற்கு முன்பே, 2009–10 காலத்தில், கூலிக்கு அமர்த்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர்களைக் கொண்டு, தன் மொழிபெயர்ப்புக் கருவியின் வழியாக ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்றியிருந்தது. கட்டுரைகளின் எண்ணிக்கை கூடியது. ஆனால் தமிழ் வாசகருக்குத் தொடர்பில்லாத தலைப்புகள், ஆங்கிலத் தொடரமைப்பை அப்படியே சுமந்த வாக்கியங்கள், பிழை மலிந்த எழுத்து ஆகியவற்றைத் தன்னார்வலர்கள்தாம் திருத்த வேண்டியதாயிற்று. 2010-இல் போலந்தின் கதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் அ. இரவிசங்கர் இத்திட்டத்தைப் பற்றிய மதிப்பாய்வை முன்வைத்தார். வங்காள விக்கிப்பீடியர் அத்திட்டத்தை ஏற்க மறுக்க, தமிழ் விக்கிப்பீடியர் நிறுவனத்தோடு பேசித் தலைப்புத் தேர்வுக்கும் நடைக்கும் நெறிமுறைகளை வகுத்துப் பார்த்தனர். மொழியைப் பயன்படுத்தும் சமூகமே தரத்துக்கு வரம்பு கட்ட முன்வந்த அந்த நிகழ்வு, அதன் பயன் எவ்வளவாயினும், இன்றும் பின்பற்றத்தக்கது.

2017 ஏப்ரலில் கூகுளின் மொழிபெயர்ப்புச் சேவை தமிழுக்கும் நரம்பணு முறையைக் கொண்டுவந்தது. இம்முறை வாக்கியத்தைத் துண்டு துண்டாக மாற்றாமல், முழுவதையும் எண்களின் கோவையாக உள்வாங்கி, மறுமொழியில் ஒவ்வொரு சொல்லாக ஊகித்து எழுதுகிறது. நீண்ட சொற்களை அடிக்கடி வரும் எழுத்துத் தொடர்களாக வெட்டிக்கொள்வதால், முன்பு பார்த்திராத வடிவத்தையும் அதனால் கையாள முடிகிறது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏ.ஐ.4பாரத்' குழு 2021-இல் வெளியிட்ட 'சமானந்தர்' திரட்டில் தமிழுக்கு மட்டும் சுமார் 50 லட்சம் இணைகள் உள்ளன. அவற்றுள் பெரும்பகுதி இணையத்திலிருந்து பொறியே தேடிப் பொருத்தியவை. இணையத் தமிழில் பொறி எழுதிய தமிழும் கலந்து வரும் இந்நாளில், பொறி தன் பிழையையே பாடமாகப் படிக்கும் இடர் உண்டு. அக்குழு 2023-இல் இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளுக்கும் பொறியை விரித்தபோது, மொழிபெயர்ப்பாளர்களை அமர்த்தி இந்தியச் சூழல் சார்ந்த வாக்கியங்களைத் தனியே உருவாக்கியது பாராட்டுக்குரியது.

நரம்பணு முறையின் பிழை முந்தையவற்றிலிருந்து வேறுபட்டது. பழைய பொறிகளின் பிழை கண்ணில் உறுத்தும். புதியது சரளமாக எழுதுவதால், விடுபட்டதும் மாறியதும் மூலத்தோடு ஒப்பிடாதவருக்குத் தெரிவதில்லை. தரத்தை அளக்கப் பயன்படும் 'புளூ' அளவை 2002-இல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள் அமைத்தது, மனித மொழிபெயர்ப்போடு எத்தனை சொற்றொடர்கள் ஒத்துப்போகின்றன என்று அது எண்ணுகிறது. தமிழில் ஒரு விகுதி மாறினாலும் முழுச்சொல்லும் தவறாக எண்ணப்படுவதால், எழுத்து அளவில் ஒப்பிடும் அளவைகளே இங்குப் பொருத்தம். எனினும் 'ஆம்' விடுபட்டதால் பொருளே மாறியதா என்பதை எந்த எண்ணும் சொல்லாது.

ஆட்சித்துறைப் பயன்பாட்டில் இலங்கை குறிப்பிடத்தக்கது. சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாக இருந்தும் மொழிபெயர்ப்பாளர் பற்றாக்குறை நீங்காத அந்நாட்டில், மொறட்டுவைப் பல்கலைக்கழகம் 'சி-தா' என்னும் பொறியை அரசு ஆவணங்களுக்கென்றே அமைத்தது. எல்லாவற்றுக்கும் ஒரே பொறி என்று நில்லாமல், துறையைக் குறுக்கிக்கொண்டு அத்துறையின் ஆவணங்களையே பாடமாக்கிய அவ்வழி, தரவு குறைந்த மொழிகளுக்கு ஏற்றது.

இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2019 நவம்பரில் 'சுவாஸ்' என்னும் மென்பொருளைத் தொடங்கியது. ஆங்கிலத் தீர்ப்புகள் அதன் வழியாக மொழிபெயர்க்கப்பட்டு மனிதர்களால் சரிபார்க்கப்படுகின்றன. எதிர்த்திசைத் தேவையோ கீழமை நீதிமன்றங்களில் இருக்கிறது. மணப்பாறையில் தமிழில் பதிவாகும் வாக்குமூலம், வழக்கு மேல்முறையீடாக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் செல்லும்போது ஆங்கிலமாக வேண்டும். 'பணம் வாங்கினார்' என்பது கண்டவர் கூற்று, 'வாங்கினாராம்' என்பது கேட்டவர் கூற்று. செவிவழிச் சாட்சியத்தைச் சாட்சியச் சட்டம் பொதுவாக ஏற்பதில்லை என்பதால், வழக்கின் முடிவே அந்த ஓர் இடைச்சொல்லைப் பொறுத்து அமையக்கூடும். செய்தித் தமிழைப் படித்து வளர்ந்த பொறி அதைத் தவறவிட வாய்ப்பு மிகுதி. ஆனால் நீதிமன்றக் கட்டுகளில், தமிழ் வாக்குமூலமும் மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கில வடிவமும் பல்லாண்டுகளாக அருகருகே கிடக்கின்றன. தரப்பினரின் பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, மாவட்ட வாரியாக அவற்றைத் தொகுத்தால், சமானந்தரின் பல லட்சம் இணைகள் கற்பிக்காத அந்த 'ஆம்'-ஐச் சில ஆயிரம் இணைகளே பொறிக்குக் கற்பித்துவிடக்கூடும். அதைத் தொகுக்க வேண்டியவர்கள் கணினி வல்லுநர்கள் மட்டுமல்லர், அந்த மொழிபெயர்ப்புகளைச் செய்து வந்த நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களும் ஆவர்.