மீட்டருக்கு அந்தப்புறம்

உங்கள் வீட்டு மெயின் போர்டை யாராவது கடைசியாகத் திறந்து பார்த்தது எப்போது? ‘ஃப்யூஸ் போன அன்னிக்கு’ என்றால் நீங்கள் பெரும்பான்மைக் கட்சி.

ஆவடி தாண்டி வெள்ளானூர் பக்கம் புதுப்புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. உள்ளாட்சி அலுவலகம் வரைபடம் கேட்கும், சுற்றி எத்தனை அடி விட்டீர்கள் என்று பார்க்கும், வரி போடும். சுவருக்குள் ஓடும் ஒயரை மட்டும் கேட்பாரில்லை. அது மின்வாரிய சமாசாரமாம். மின்வாரியமோ லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டரின் கையெழுத்தைப் பார்த்து மீட்டர் வைத்துவிட்டுப் போய்விடும். மீட்டருக்கு அந்தப்புறம் உங்கள் பாடு.

சட்டம் இல்லாமலில்லை. 1956ம் வருடத்து இந்திய மின்சார விதிகளில் 46வது விதி, இணைப்புப் பெற்ற இடங்களை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது சோதிக்கச் சொன்னது. எந்த வீட்டுக்கு வந்தார்கள்? மத்திய மின்சார ஆணையத்தின் 2023 விதிகளின்படி, அரசு குறிப்பிடும் வோல்டேஜுக்கு உட்பட்ட இணைப்புகளுக்கு உரிமையாளரே சுயசான்று தரலாம். பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்துகிற ஏற்பாடு.

காகிதம் மட்டும் சரியாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெல்லி உப்ஹார் தியேட்டர் சாட்சி. 1997 ஜூன் 13 காலை, கார் நிறுத்துமிடத்தை ஒட்டியிருந்த ட்ரான்ஸ்ஃபார்மரில் தீ. மின்வாரிய ஊழியர்கள் அவசரமாக ரிப்பேர் செய்தார்கள். மாலையில் கேபிள் கழன்று மறுபடி தீ. பால்கனியில் ஒரு வழியை அடைத்துக் கூடுதல் சீட் போட்டிருந்தார்கள். புகையில் மூச்சடைத்து 59 பேர் செத்துப்போனார்கள். அனுமதி வாங்கித்தான் படம் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இங்கிலாந்தில் 2020ல் வாடகை வீடுகளுக்கு ஒரு சட்டம் வந்தது. ஐந்து வருஷத்துக்கொருமுறை தகுதியுள்ளவர் சோதிக்கவேண்டும். ரிப்போர்ட்டின் நகல் குடியிருப்பவர் கைக்குப் போகவேண்டும். சரிசெய்யாவிட்டால் உள்ளூர் கவுன்சிலே ஆளனுப்பிச் சரிசெய்து, செலவை ஓனரிடம் வசூலிக்கலாம். அபராதம் தனி. கவனியுங்கள், அதிகாரம் உள்ளாட்சியிடம்.

இங்கேயும் முடியும். எல்லா வீட்டுக்கும் இன்ஸ்பெக்டர் அனுப்ப ஆள் பற்றாது, நியாயம். வாடகைக் குடியிருப்பு, ஹாஸ்டல், கல்யாண மண்டபத்திலிருந்து ஆரம்பிக்கட்டும். வரி ரசீதோடு வயரிங் ரிப்போர்ட்டும் கேட்கட்டும். வாடகைக்கு இருப்பவருக்கு ஒரு நகல் போகட்டும். ஷாக் அடிக்கப்போவது அவருக்குத்தான்.

அதுவரை உங்கள் பங்குக்கு ஒன்று. போர்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருந்தால் அதில் ‘டெஸ்ட்’ என்று ஒரு சின்ன பட்டன் இருக்கும். அமுக்கிப் பாருங்கள். கரண்ட் கட்டாகாவிட்டால் இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆர்.சி.சி.பி.யே இல்லையென்றாலும் அவரையேதான்.