கவிஞன் இல்லாத மேடை

மாதவியின் ஆடலைச் சொல்லப் புகுந்த இளங்கோவடிகள் அவளை உடனே மேடையேற்றிவிடவில்லை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் என அறுவரின் தகுதிகளை ஒவ்வொன்றாக அரங்கேற்று காதையில் வகுத்துரைக்கிறார். அதன் பின்னரே அரங்கின் அளவுக்கு வருகிறார். இவ்வறுவருள் கவிஞனும் ஒருவன் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. கருவி இசைப்போர்க்கு உரிய வரிசையிலேயே சொல் தருவோனுக்கும் இடம் இருந்தது. இதனை அளவுகோலாகக் கொண்டு, சிங்கப்பூரில் நம் இளைஞர் இன்று கூடிக் கேட்கும் ஒருவகை இசையை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விசை ராக் இசை. அதிலும் நீண்ட வடிவில் அமைந்த புரோகிரசிவ் ராக் என்னும் பிரிவு.

ராக் இசையை இந்நகரம் ஐயத்தோடு நோக்கிய காலம் ஒன்று உண்டு. 1972 ஆம் ஆண்டில் இங்கு வந்த லெட் செப்பலின் என்னும் ஆங்கிலக் குழுவினர், நீண்ட தலைமுடியின் காரணமாக நாட்டுக்குள் நுழைய இயலாது திரும்பினர். நீள்முடி ஆடவர்க்குக் கடைசியாகவே பணி செய்யப்படும் என்னும் அறிவிப்பு அந்நாளைய அரசு அலுவலகங்களில் தொங்கியது. அக்காலத்திலேயே, 1973 முதல், தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்கும் தடை வந்தது. பின்னர் நிலை மாறிற்று. 1990இல் ஆர்மீனியன் தெருவில் நாடகாசிரியர் குவோ பாவ் குன் தொடங்கிய சப்ஸ்டேஷன் கலையகத்தின் தோட்டம், இளைஞர் குழுக்களுக்கு மேடையாயிற்று. 2002இல் எஸ்பிளனேட் கலையரங்கம் திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பேபீட்ஸ் என்னும் இசைவிழா அங்குத் தொடங்கிற்று. அதற்கு நுழைவுக் கட்டணம் இல்லை. புதிய குழுக்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றும் ஏற்பாடும் அதில் உண்டு. 2016இல் தைப்பூச ஊர்வல வழியிலும் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு இடம் கிடைத்தது. ஐயம் நீங்கி ஆதரவு வந்த வரலாறு இது.

பேபீட்ஸ் விழாவின் ஒரு நாளைப் பிற்பகல் தொடங்கி இரவு வரை, கடற்கரையை ஒட்டிய திறந்தவெளி அரங்கில் அமர்ந்து கேட்டேன். வந்திருந்தோருள் பெரும்பாலோர் பள்ளி, கல்லூரி மாணவர். அவர்களிடையே தமிழ் முகங்களும் இருந்தன. ஒரு குழு இறங்கி மறு குழு ஏறும் இடைவேளையில் கம்பிவடங்களைப் பொருத்துவதும் முழவுகளைத் தட்டிப் பார்ப்பதும் நம் கச்சேரிகளில் சுருதி சேர்க்கும் நேரத்தை ஒத்திருந்தன. மூவர் கொண்ட ஒரு குழு பத்து நிமிடத்துக்கு மேல் ஒரே உருப்படியை வாசித்தது. மெல்லிய கிதார் ஒலியில் தொடங்கி, இடையில் தாளம் மாறி, உரத்து எழுந்து, தொடக்கத்து மெட்டுக்கே மீண்டு வந்து அஃது அடங்கிற்று. நடுவில் ஓசை ஓய்ந்தபோது முடிந்துவிட்டதென்று கைதட்டியவர் சிலர். தாள ஓட்டம் அறிந்தோர் பொறுத்திருந்தனர். அப்பத்து நிமிடமும் அங்கிருந்த மாணவர் அசையாமல் கேட்டனர். அரைமணி நேரச் சொற்பொழிவுக்கே இன்றைய மாணவர்க்குப் பொறுமை இல்லை என்று நம்மிற் பலர் வருந்துகிறோம். வடிவம் அவர்களைப் பற்றிக்கொண்டால் பொறுமை தானே வரும் என்பதற்கு அவ்வரங்கு சான்று.

புரோகிரசிவ் ராக் என்பதனை முற்போக்கு ராக் எனப் பெயர்ப்பதில் ஓர் இடர் உண்டு. முற்போக்கு என்றதும் நமக்கு அரசியற் பொருள் தோன்றும். இங்கே அச்சொல், மூன்று நான்கு நிமிடப் பாட்டு என்னும் எல்லையைக் கடந்து வடிவத்தில் முன்னேறுவதையே குறிக்கிறது. இங்கிலாந்தில் 1960களின் இறுதியில் இவ்வகை உருப்பெற்றது. கிங் கிரிம்சன் குழுவின் முதல் இசைத்தட்டு 1969இல் வெளிவந்தது. யெஸ் குழு 1972இல் ஏறத்தாழ 18 நிமிடம் ஓடும் ஒரு பாடலால் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்பியது. பிங்க் ஃபிளாய்டு குழுவின் 1973 ஆம் ஆண்டு இசைத்தட்டில் பணத்தைப் பற்றிய பாடல் ஒன்று உண்டு. அதன் பெரும்பகுதி ஏழு எண்ணிக்கையில் நடக்கிறது. கிதார் தனித்து முழங்கும் இடத்தில் நான்குக்கு மாறி, மீண்டும் ஏழுக்குத் திரும்புகிறது.

மேலைநாட்டுக் கேட்போர்க்கு இந்த ஏழு புதுமை; நமக்கோ அது மிச்ர சாபு. தகிட, தகதிமி என்று மூன்றும் நான்குமாகப் பிரித்து எண்ணப் பழகிய காதுக்கு அஃது உறவினர் வீட்டு வாசல். ஐந்து எண்ணிக்கையும் அவ்வாறே. அது கண்ட சாபு. ஓர் இராகத்தையும் ஒரே வரியையும் எடுத்துக்கொண்டு மணிக்கணக்கில் விரிக்கும் இராகம் தானம் பல்லவியை விட நீண்ட வடிவம் ராக் இசையில் இல்லை. ஆதலின், இது நமக்குச் சற்றும் பொருந்தாத அந்நியக் கூச்சல் என்று ஒதுக்குவோர், வடிவத்தைக் கேளாமல் ஒலியின் உரப்பை மட்டும் கேட்டவராவர்.

இனி, சொல்லுக்கு வருவோம். அன்று முழுவதும் நான் கேட்ட பாடல்கள் ஆங்கிலத்தில் அமைந்தன. சில உருப்படிகளில் சொல்லே இல்லை. கருவியைத் தேர்ச்சியோடு கையாண்ட இளைஞர், சொல்லைக் கடைசியில் ஒட்டவைத்த சீட்டுப் போலவே கையாண்டனர். இவ்விசையின் முன்னோடிகள் அவ்வாறு செய்யவில்லை. கிங் கிரிம்சன் குழுவில் பீட்டர் சின்ஃபீல்டு என்பவர் தொடக்க உறுப்பினராக இருந்தார். மேடையில் அவர் கருவி எதனையும் வாசித்தவரல்லர்; பாட்டுக்குச் சொல்லும் அரங்குக்கு ஒளியும் தந்தார். புரோக்கல் ஹாரம் குழுவிலும் கீத் ரீடு என்னும் கவிஞர் கருவி ஏந்தாத உறுப்பினராகவே விளங்கினார். இளங்கோ கவிஞனுக்கு அளித்த இடத்தை, அவர் பெயரையும் அறியாத ஆங்கில இளைஞர் தம் குழுவில் அளித்திருந்தனர்.

ஜெத்ரோ டல் குழுவின் 1972 ஆம் ஆண்டு இசைத்தட்டு ஒன்று ஆசிரியர்களாகிய நாம் சிறப்பாக அறியத்தக்கது. தட்டின் இரு பக்கமும் சேர்ந்து ஒரே பாடல். அதன் சொற்களை எழுதியவன் எட்டு வயதுப் பள்ளி மாணவன் என்பது அவர்கள் செய்துகொண்ட கற்பனை. இசைத்தட்டின் உறையைச் செய்தித்தாளாகவே அச்சிட்டனர். போட்டியில் பரிசு பெற்ற அச்சிறுவனின் கவிதையை நடுவர் பின்னர்த் தகுதி நீக்கம் செய்ததாக அதில் செய்தியும் எழுதினர். கவிதைப் போட்டி நடுவர்களைப் பற்றிய இந்த எள்ளல், நடுவர் இருக்கையில் அமரும் நம்மவர்க்கும் பொருந்துவதே.

நம் நாட்டுச் சான்று ஒன்றையும் கருதவேண்டும். 1992இல் சிங்கப்பூரில் தோன்றிய ருத்ரா குழு, ராக் இசையின் வன்மைமிக்க கிளையாகிய மெட்டல் வகையைச் சார்ந்தது. அதன் தலைவர் கதிர் பாடுவதோடு அடிநிலைக் கிதாரும் வாசிப்பவர். 1998இல் முதல் தொகுப்பும், 2005இல் பிரம்மவித்யா வரிசையின் முதல் தொகுப்பும் வெளிவந்தன. வேதாந்தக் கருத்துகளை ஆங்கிலத்திலும் வடமொழியிலும் பாடி, உலகின் பல பகுதிகளில் கேட்போரை இக்குழு பெற்றது. ஒரு கலைஞன் தன் பொருளுக்கேற்ற மொழியைத் தேர்வது அவன் உரிமை. அதில் குறைகாண நமக்கு வழியில்லை. ஆயினும் ஒரு வினா எழுகிறது. இந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்றாகிய தமிழ், இத்தகைய ஒரு குழுவின் முதல் தேர்வாக ஏன் இல்லை?

தமிழ்ச் சொல் இவ்விசைக்கு வளையாது என்பது விடையாகாது. 2005இல் இளையராசா திருவாசகத்தைப் பேரிசைக் குழுவோடு இணைத்து வெளியிட்டார். 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி நடத்திய தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, கானாவையும் ராக் இசையையும் தமிழ்ச் சொல்லால் கட்டிற்று. முன்னது பழம்பாடல், பின்னது பெரிதும் குறும்பாடல். நீண்ட ராக் வடிவத்துக்கென்றே புதிதாகத் தமிழில் எழுதும் முயற்சிக்கு இவ்விரண்டும் வழி திறந்திருக்கின்றன.

அம்முயற்சிக்கு உதவும் கருவியும் நம் கையிலேயே இருக்கிறது. திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டின் தலைப்பில் தன, தான, தந்த என்னும் அசைகளால் ஆகிய சந்தக் குழிப்பு அச்சிடப்பட்டிருக்கும். குறில் எங்கே, நெடில் எங்கே, வல்லொற்று எங்கே என்பதை அது காட்டும். தமிழ் படிக்கத் தடுமாறும் முழவுக்காரன்கூட அக்குழிப்பை ஒருவர் சொல்லக் கேட்டால் தாளத்தைப் பிடித்துக்கொள்வான். அவன் வாசிக்கும் தாளத்தைக் கவிஞன் குழிப்பாக எழுதிக்கொண்டு, அதன்மேல் சொல்லை வைக்கவும் இயலும். ஐந்தும் ஏழும் ஒன்பதுமாக நடைமாறும் இசைக்கு, சந்தப்பாவும் சிந்தும் கற்ற புலவனை விடப் பொருத்தமான துணை யார்?

இவ்விசையின் குறைகளையும் மறைத்தல் ஆகாது. நீளமே பெருமை என்று மயங்கியும் விரல் வேகத்தையே கலை என்று கருதியும் பலர் கெட்டனர். அதனை வெறுத்த இளைஞர் 1976, 1977 ஆம் ஆண்டுகளில் எளிய பங்க் இசையை நாடினர். அன்று நான் கேட்டவற்றிலும் கருவியொலி மூழ்கடித்ததால் ஒரு சொல்லும் விளங்காத பாடல்கள் இருந்தன. நீண்ட வடிவத்தைத் தாங்குவது பொருளின் வளர்ச்சி. பொருள் வளரச் சொல் வேண்டும். சொல்லை ஒழுங்குபடுத்தக் கவிஞன் வேண்டும். ஆகவே கவிஞனின் தேவை தமிழ்ப்பற்றினால் மட்டும் எழுவதன்று. அக்கலையே அவனைக் கேட்கிறது.

தமிழுக்கும் அம்மேடை தேவைப்படுகிறது. வீட்டில் மிகுதியாகத் தமிழ் பேசுவோர் 2010 ஆம் ஆண்டின் குடிமதிப்பில் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. வகுப்பறையும் வீடும் தவிர, இளைஞர் தம் விருப்பத்தால் செல்லும் இடங்களிலும் தமிழ் ஒலித்தாலன்றி இவ்வெண் உயராது. 2007 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடைபெறுகிறது. 2000இல் தொடங்கிய கவிமாலை அமைப்பு கவிஞர்களை மாதந்தோறும் கூட்டிவந்திருக்கிறது. சிராங்கூன் சாலையிலிருந்து எஸ்பிளனேடுக்கு நடந்தே போய்விடலாம். அத்தனை அருகில் இருந்தும், கவிஞர் கூட்டமும் கிதார்க் கூட்டமும் ஒன்றையொன்று அறியாமல் வாழ்கின்றன.

பள்ளிகளில் செய்யக்கூடியது எளிது. கிதார் வாசிக்கும் மாணவனையும் கவிதை எழுதும் மாணவியையும் ஒரே மேசையில் அமர்த்தி, ஏழு எண்ணிக்கையில் ஒரு சந்தக் குழிப்பைக் கொடுத்து, ஒரு பருவ காலம் அவகாசம் தருக. பரிசும் மதிப்பெண்ணும் பிறகு வரட்டும். மொழிவிழாக் குழுவினர் அவ்வாறு உருவான ஒரே ஒரு பாடலுக்காவது பத்து நிமிடம் ஒதுக்குக. எழுத்தாளர் கழகத்தார் ஒரு கவிஞரை ஓர் இளைஞர் குழுவோடு ஓராண்டுக்கு இணைத்துவைக்க. முழவுக்காரன் ஏறிவிட்டான், நரம்புக் கருவியாளனும் ஏறிவிட்டான். அறுவருள் எஞ்சியிருப்பவனை அனுப்பிவைப்பது தமிழாசிரியர் கடன்.