மூடியைத் திறக்காமல் ஒரு வாளி பீர்

ஐஸ்பிண்டல் செய்கிற வேலை ஒன்றே ஒன்று. பீர் நொதிக்கும் வாளிக்குள் சாய்ந்தபடி மிதக்கும். திரை கிடையாது, பொத்தான் கிடையாது, உள்ளே போட்டு மூடிய பிறகு கண்ணில் படவும் படாது. ஆனாலும் இந்த ஆண்டு என் வீட்டுக்குள் வந்த பொருள்களில் எனக்கு அதிக மகிழ்ச்சி கொடுத்தது இதுதான். வீட்டில் பீர் செய்யும் நண்பருக்குக் கிறிஸ்துமஸுக்கு என்ன வாங்கித் தரலாம் என்று யார் கேட்டாலும், இப்போதெல்லாம் யோசிக்காமல் இதன் பெயரைச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே இருக்கும் சிப் என்ன, உணரி என்ன என்ற விவரமெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நான் நீட்ட வேண்டியதில்லை. சோடா பாட்டிலாக ஊதுவதற்கு முன்னால் இருக்கும் தடித்த பெட் பிளாஸ்டிக் குழாய் ஒன்று. அதற்குள் ஒரு வைஃபை சிப், சாய்வை அளக்கும் உணரி, வெப்பத்தை அளக்கும் உணரி, ஒரு 18650 பேட்டரி. ஜெர்மனியில் வீட்டில் பீர் செய்கிறவர்கள் வட்டத்தில் பிறந்தது. வரைபடமும் நிரலும் எல்லோருக்கும் பொது. உதிரிப் பாகங்களை வாங்கி யார் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள்ளலாம். எனக்குச் சேர்த்துக் கொடுத்தது என் மனைவியின் தம்பி. கையில் கொடுக்கும்போதே நிபந்தனையும் போட்டுவிட்டான்: "அத்தான், இனிமே மூடியத் தொறக்கவே கூடாது. உள்ள என்ன நடக்குதுன்னு அதுவே சொல்லும்."

அந்த நிபந்தனையில்தான் இந்தக் கருவியின் பெருமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இட்லி மாவைக் கரைத்து வைத்துவிட்டால் விடியும்வரை அதைத் தொடக் கூடாது என்று நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். பீரும் அப்படித்தான். மால்ட்டைக் கொதிக்கவைத்து, ஹாப்ஸ் போட்டு, ஆறவைத்து, ஈஸ்ட்டைத் தூவி மூடிவிட்டால் மனிதனின் பங்கு முடிந்தது. மிச்சத்தை ஈஸ்ட் பார்த்துக்கொள்ளும். ஆனால் அது முடித்துவிட்டதா என்று தெரியாமல் பாட்டிலில் அடைக்க முடியாது. சர்க்கரை மிச்சம் இருக்கும்போதே அடைத்தால் பாட்டிலுக்குள் நொதித்தல் தொடரும், அழுத்தம் ஏறும், கண்ணாடி வெடிக்கும். அதனால் காலங்காலமாக ஒரே வழிதான்: மூடியைத் திறந்து, கொஞ்சம் பீரை உறிஞ்சி, உயரமான குவளையில் ஊற்றி, கண்ணாடி ஹைட்ரோமீட்டரை அதில் மிதக்கவிட்டு அடர்த்தியைப் பார்ப்பது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உள்ளே காற்று போகும், காற்றோடு கிருமியும் போகும். உறிஞ்சி எடுத்த பீரைத் திரும்ப ஊற்றவும் முடியாது. தெரிந்துகொள்ள ஆசைப்படும்போதெல்லாம், தெரிந்துகொள்ள நினைத்த பொருளையே கொஞ்சம் கெடுத்துக்கொண்டிருந்தோம்.

ஐஸ்பிண்டல் இந்தச் சிக்கலை அழகாகத் தீர்க்கிறது. சர்க்கரை கரைந்த நீர் அடர்த்தியானது; அதில் குழாய் நன்றாகச் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்ற மாற்ற, நீரின் அடர்த்தி குறையும், குழாய் மெல்ல நிமிரும். வெறும் தண்ணீரில் சாய்வு சுமார் 25 டிகிரி இருக்கும்படி எடையைச் சரிசெய்து வைப்பார்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு முறை கண்விழித்து, தன் சாய்வையும் வெப்பத்தையும் வீட்டு வைஃபை வழியாக அனுப்பிவிட்டு மறுபடி தூங்கிவிடும். தூக்கம்தான் அதன் பெரும்பாலான வாழ்க்கை என்பதால், ஒரு முறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் ஓடுகிறது.

போனில் எனக்குக் கிடைப்பது அடர்த்தியைக் காட்டும் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குத்தான் நான் அடிமையாகிவிட்டேன்.

சிங்கப்பூரில் வீட்டில் பீர் செய்கிறவர்களின் பெரிய தலைவலி வெயில். வழக்கமான ஏல் வகை ஈஸ்ட்டுகள் 20 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியில்தான் ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் அடுக்களையோ பகலில் 30 டிகிரியைத் தொடும். ஆகவே பீருக்கென்றே தனியாக ஒரு குளிர்பெட்டி வைத்துக்கொள்கிறவர்கள் இங்கே நிறைய. நான் வேறு வழிக்கு மாறியிருக்கிறேன்: க்வைக். நார்வே நாட்டுப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருந்த ஈஸ்ட் இது. மர வளையங்களில் பூசிக் காயவைத்து அடுத்த பீருக்கு எடுத்து வைப்பார்கள். அதிலும் வோஸ் வட்டாரத்து க்வைக் 35 முதல் 40 டிகிரியில்தான் உற்சாகமாக இருக்கும். கூடவே ஆரஞ்சுத் தோல் மணத்தையும் கொடுக்கும். பனி கொட்டும் ஊரில் வளர்ந்த ஈஸ்ட் நம் வெக்கைக்கு இவ்வளவு பொருந்திப்போவதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புத்தான்.

க்வைக்கின் குணம் வேகம். மற்ற ஈஸ்ட்டுகள் ஒரு வாரம், இரண்டு வாரம் என்று இழுப்பதை இது மூன்று நான்கு நாளில் முடித்துவிடும். ஹைட்ரோமீட்டரோடு காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று பார்க்கிறவருக்கு இதன் முக்கால்வாசி ஆட்டம் தெரியவே தெரியாது. ஐஸ்பிண்டல் வந்த பிறகுதான் நான் அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்தேன். மாலையில் ஈஸ்ட்டைத் தூவும்போது அடர்த்தி 1.048. சில மணி நேரம் கோடு அசையவே இல்லை. ஈஸ்ட் புது இடத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறது. நள்ளிரவுக்கு முன்பே லேசான வளைவு. பிறகு ஒரே இறக்கம். விடியும்போது 1.030. கூடவே வெப்பக் கோடு மேலே ஏறுகிறது: அடுக்களை 30 டிகிரியில் இருக்க, வாளிக்குள் 34. அந்த நாலு டிகிரியும் ஈஸ்ட் தன் உழைப்பால் உண்டாக்கிய சூடு. 1.010-இல் கோடு சமமாகப் படுத்துக்கொண்டபோது கணக்குப் போட்டேன். ஏறக்குறைய 5 விழுக்காடு சாராயம். மூடி ஒரு முறைகூடத் திறக்கப்படவில்லை.

ஒரு வாளிக்குள், இருட்டில், கோடிக்கணக்கான உயிர்கள் செய்யும் வேலையை அதைக் கலைக்காமல் பார்க்க முடிகிறது. விலை உயர்ந்த எத்தனையோ கருவிகளைச் சோதித்திருக்கிறேன். இந்த நிறைவை அவற்றில் பலவும் தந்ததில்லை.

க்வைக்கைத் தேடிப் போனவர்களுக்கு நார்வேயின் விநோதங்களும் சேர்ந்தே கிடைக்கும். ஈஸ்ட்டைப் போடும்போது வாளியைப் பார்த்துக் கத்தும் வழக்கம் அங்கே இருந்திருக்கிறது. கத்தலுக்கு ஏற்றபடி பீர் வீரியமாக வரும் என்பது நம்பிக்கை. அதைவிட எனக்குப் பிடித்தது குலாத்திங் சட்டம். மத்திய காலத்தில் மேற்கு நார்வேயை ஆண்ட அந்தச் சட்டம், கிறிஸ்துமஸுக்கு ஒவ்வொரு குடியானவரும் பீர் காய்ச்சியே ஆக வேண்டும் என்றது. தவறினால் அபராதம், மூன்று ஆண்டு தொடர்ந்து தவறினால் சொத்தே பறிபோகும். பண்டிகைக்குப் பீர் என்பது அங்கே ஊருக்குச் செய்யும் கடமையாக இருந்திருக்கிறது. சிங்கப்பூர்ச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, அனுமதிக்கிறது: 18 வயது நிறைந்தவர்கள், வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை, சொந்தப் பயனுக்காக. விற்கக் கூடாது, காய்ச்சி வடிக்கவும் கூடாது. எங்கள் அடுக்களைக்கு அதுவே தாராளம்.

எங்கள் ஊரும் விநோதச் செய்திக்குக் குறைந்ததல்ல. கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் நியூவாட்டரில் செய்த நியூபுரூ என்ற பீர் 2022-இல் கடைக்கு வந்தபோது, உலகப் பத்திரிகைகள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தலைப்புப் போட்டன. வீட்டில் பீர் செய்கிறவர்கள் மூக்கைப் பிடிக்கத் தேவையில்லை. நுண்வடிகட்டி, எதிர்ச்சவ்வூடு பரவல், புற ஊதாக் கதிர் என்று மூன்று கட்டம் தாண்டி வரும் அந்த நீரில் தாதுஉப்புகள் மிகக் குறைவு. எந்த வகை பீருக்கு எந்த உப்பு வேண்டுமோ அதை நாமே அளந்து சேர்த்துக்கொள்ள அதைவிட நல்ல தொடக்கம் இல்லை.

இனி குறைகள். முதல் குறை நுரை. நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது பழுப்பு நிறத்தில் கெட்டியான நுரை எழும்பி, குழாயின் தலையில் ஒட்டிக்கொள்ளும். எடை கூடியதும் சாய்வு மாறும். இறங்கிக்கொண்டிருந்த கோடு திடீரென்று மேலே துள்ளும். சர்க்கரை எங்கிருந்தோ திரும்பி வந்துவிட்டது போல எண் காட்டும். ஹாப்ஸ் துகள்களை நொதித்தலின் நடுவே போட்டால் இது இன்னும் அதிகம். பழகியவர் கண்ணுக்கு அந்தத் துள்ளல் நுரை என்று புரியும். புதியவர் பதறிப்போவார்.

இரண்டாவது, அளவு சரிபார்த்தல். ஒவ்வொரு குழாயையும் தனித்தனியே பழக்க வேண்டும். சர்க்கரையை எடைபோட்டுத் தண்ணீரில் கரைத்து, ஹைட்ரோமீட்டரில் அடர்த்தியைப் பார்த்து, அதே நீரில் குழாயின் சாய்வைக் குறித்து, மறுபடி சர்க்கரை சேர்த்து, மறுபடி குறித்து... ஒரு மாலைப் பொழுது முழுதாகப் போய்விடும். இதை அவசரமாகச் செய்தவரின் எண்கள் கடைசிவரை தவறாகத்தான் இருக்கும்.

மூன்றாவது, இதன் எண்ணை மூன்றாம் தசமம் வரை நம்பக் கூடாது. போக்கைச் சொல்வதில் கெட்டிக்காரன். கடைசி எண்ணைச் சொல்வதில் அவ்வளவு இல்லை. கோடு இரண்டு மூன்று நாள் அசையாமல் படுத்திருந்தால் நொதித்தல் முடிந்தது என்று கொள்ளலாம். ஆனாலும் பாட்டிலில் அடைக்கும் நாளில் கண்ணாடி ஹைட்ரோமீட்டரால் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். இது பாதுகாப்பு விஷயம், சோம்பல்படக் கூடாது. குளிர்பெட்டிக்குள் வைத்து நொதிக்க வைக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: உலோகச் சுவர் வைஃபையை விழுங்கிவிடும்.

இத்தனை குறைகளோடும் நான் இதன் பக்கம் நிற்பதற்குக் காரணம் சியாட்டிலில் நடந்த ஒரு கதை. அங்கே 2010-இல் தொடங்கிய பிகோபுரூ நிறுவனம், சமையல் மேடையில் வைத்துப் பீர் காய்ச்சும் இயந்திரங்களை விற்றது. தானியமும் ஹாப்ஸும் அடைத்த பெட்டியைச் செருகினால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். கிறிஸ்துமஸ் பரிசுப் பட்டியல்களுக்கென்றே பிறந்த பொருள். ஆனால் அந்த இயந்திரம் நிறுவனத்தின் சர்வரோடு பேசித்தான் வேலை செய்யும். 2020-இல் நிறுவனம் நொடித்துப்போனது. நல்ல நிலையில் இருந்த இயந்திரங்கள், பேச ஆள் இல்லாமல் நிற்க வேண்டிய கட்டம் வந்தது. அவற்றை வைத்திருந்தவர்கள் சிலர் தாங்களே ஒரு மாற்று சர்வரை எழுதி, கையளவுக் கணினியில் ஓடவைத்து, இயந்திரங்களைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அவர்கள் விடாமுயற்சியை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் காசு கொடுத்து வாங்கிய பொருளை ஓட்ட வாங்கியவரே சர்வர் எழுத வேண்டி வந்தது எனக்கு ஆறவே இல்லை.

பரிசாகக் கொடுக்கும் ஒரு பொருள், அதைச் செய்த நிறுவனத்தின் ஆயுளோடு கட்டிப்போடப்பட்டிருக்கக் கூடாது. கணக்குத் தொடங்கு, சந்தா கட்டு, விதிமுறைகளை ஒப்புக்கொள் என்று கேட்கும் கருவியைப் பிறருக்குப் பரிசளிப்பது, அவர் தலையில் ஒரு மாதாந்தரச் செலவைக் கட்டுவதுதான். ஐஸ்பிண்டலின் எண்களை எந்தச் செயலிக்கு அனுப்புவது என்பதை நான் முடிவுசெய்கிறேன். விரும்பினால் வீட்டுக்குள் இருக்கும் கணினிக்கே அனுப்பி, வெளியே ஒரு எண்கூடப் போகாமல் வைத்துக்கொள்ளலாம். பேட்டரி செத்தால் வேறு போடலாம். உணரி கெட்டால் அதை மட்டும் மாற்றலாம்.

ஆகவே, இந்தப் பண்டிகைக்கு என் ஆசைப் பட்டியல் சின்னது. வீட்டில் பீர் செய்யும் நண்பர் உங்களுக்கு இருந்தால் ஓர் ஐஸ்பிண்டல் கொடுங்கள். சாலிடரிங் தெரியுமானால் நீங்களே சேர்த்து, சர்க்கரை நீரில் பழக்கி, குறித்த எண்களை ஒரு தாளில் எழுதிக் கூடவே கொடுங்கள். அந்த ஒரு மாலை உழைப்புதான் அந்தப் பரிசின் பெரும் பங்கு. தெரியாவிட்டால், சேர்த்து விற்கிறவர்களிடம் வாங்கலாம். நண்பரிடம் நல்ல ஹைட்ரோமீட்டர் இல்லையென்றால் முதலில் அதை வாங்கிக் கொடுங்கள். ஒன்றில்லாமல் மற்றொன்று பாதிதான். பீர் செய்யாத, குடிக்க மட்டும் பிரியப்படுகிறவருக்கு இது வேண்டாம், நல்ல பீர் இரண்டு பாட்டில் போதும். கருவி செய்யும் நிறுவனங்களிடம் கேட்க ஒன்றுண்டு: நீங்கள் கடையை மூடிய பிறகும் ஓடுகிற பொருளைச் செய்யுங்கள். அப்படி ஒன்று வந்தால் என் காசுக்கு அதை வாங்கி, இதே பக்கத்தில் மனம் நிறைந்து எழுதுவேன்.