அதவா, அல்லது: குலாம்முகமது ஷேக்கின் சொல்லும் சித்திரமும்

குலாம்முகமது ஷேக்கைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் மூன்று தனித்தனி வழிகளில் செல்கின்றன. கலை விமர்சகர்கள் அவருடைய ஓவியங்களைப் பேசுகின்றனர். குஜராத்தி இலக்கியத்தார் அவருடைய கவிதையையும் உரைநடையையும் பேசுகின்றனர். கலை வரலாற்று மாணாக்கர்கள் அவருடைய கட்டுரைகளையும் கண்காட்சி அமைப்புகளையும் மேற்கோளாக எடுத்துக்கொள்கின்றனர். இம்மூன்றும் ஒரே வினாவின் விடைகள் என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் காண்பது எவ்வாறு என்பது அவ்வினா. அது அவர் தேர்ந்துகொண்ட சொற்களில் மிகத் தெளிவாக வெளிப்படுவதால், மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய பொருளாகிறது.

ஷேக் 1937இல் சௌராஷ்டிரத்தின் சுரேந்திரநகரில் பிறந்தவர். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழக நுண்கலைப் புலத்தில் பயின்று, அங்கேயே முதலில் கலை வரலாற்றையும், 1982 முதல் 1993 வரை ஓவியத்தையும் கற்பித்தார். இடையில் 1963 முதல் 1966 வரை இலண்டன் ராயல் கலைக் கல்லூரியில் பயின்றார். சுரேஷ் ஜோஷியின் வட்டத்தில் கவிஞராக உருவானார். பூபேன் கக்கருடன் இணைந்து 1969 முதல் 1973 வரை 'விருச்சிக்' என்னும் இதழை நடத்தினார். லலித் கலா அகாதெமியின் சீர்திருத்தத்திற்காக வாதாடிய அவ்விதழ், இடைக்காலப் பக்திக் கவிஞர்களின் மொழிபெயர்ப்புகளுக்கென்றே 1970இல் ஒரு சிறப்பிதழையும் வெளியிட்டது என்பது நம் நோக்கில் குறிப்பிடத்தக்கது.

1974இல் வெளிவந்த அவருடைய கவிதைத் தொகுதியின் பெயர் 'அதவா'. ஓர் இணைப்புச் சொல்லை மட்டும் தலைப்பாகக் கொள்வது அரிது. தமிழில் இதனை 'அல்லது' என்று பெயர்ப்பதில் தடையேதுமில்லை எனத் தோன்றும். ஆயின் 'அல்லது' என்பது 'அல்' என்னும் எதிர்மறை அடியிலிருந்து பிறந்தது. பழந்தமிழில் 'தவிர' என்னும் பொருளிலும் வழங்கியது. முன்னதை விலக்கிய பின்னரே அது பின்னதைக் காட்டுகிறது. வடமொழி 'அதவா'விலோ விலக்கல் இல்லை. 'அத', 'வா' என்னும் இரண்டும் சேர்ந்து, முன்னதை அப்படியே இருக்கவிட்டு, மற்றொன்றை அதன் அருகில் வைக்கின்றன. தமிழில் இப்பணியை 'ஓ', 'ஆவது' என்னும் இடைச்சொற்கள் செவ்வனே செய்யும்; ஆனால் அவை தனித்து இயங்கா; எனவே தலைப்பாகா. மொழிபெயர்ப்பாளர் 'அல்லது' என்றே எழுத நேரும்; அவ்வாறு எழுதுகையில், ஷேக் விலக்க விரும்பாத ஒன்றைத் தாம் விலக்கிவிட்டதை அறிந்திருத்தல் வேண்டும்.

இதே நுட்பம் பின்னர் வந்த உரைநடை நூலின் பெயரிலும் உண்டு. 2022ஆம் ஆண்டிற்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'கேர் ஜதாம்' என்னும் தன்வரலாற்றுக் கட்டுரைத் தொகுதியைக் கருதுகிறோம். 'ஜதாம்' என்பது முற்றுப்பெறாத செயலைக் குறிக்கும் எச்சம். 'வீடு சென்று' என்றால் பயணம் முடிந்துவிடுகிறது. 'வீடு செல்ல' என்றால் இன்னும் தொடங்கவில்லை. 'வீடு செல்கையில்' என்பதே பொருந்தும். இங்குத் தமிழ் ஆங்கிலத்தைவிட வாய்ப்பானது. 1969க்கும் 1973க்கும் இடையில் அவர் தீட்டிய, நெடுநாள் பிரிவுக்குப்பின் வீடு திரும்புதலைப் பெயராகக் கொண்ட ஓவியத்தை இவ்வெச்சத்துடன் சேர்த்துக் காணவேண்டும். சிற்றூர் வீடுகளும் பாரசீக ஏடுகளிலிருந்து வந்த வானவர்களும் தாயின் முகமும் ஒரே தளத்தில் உள்ளன. திரும்புபவர் இன்னும் வந்து சேரவில்லை.

வரலாற்றாசிரியராக ஷேக் செய்த முதன்மையான பணி, இந்திய ஓவியத்தைக் காணும் கண் ஓரிடத்தில் நிற்பதில்லை, நகர்கிறது என்பதை விளக்கியதாகும். 1980களிலும் 1990களிலும் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளில், முகலாய ஓவியத்தை அரசவைச் செய்திகளின் சான்றாக மட்டும் கொள்ளாமல், பல மரபுக் கலைஞர்கள் கூடி உருவாக்கிய காட்சி மொழியாக ஆராய்ந்தார். இவற்றைத் தமிழில் தர முனைவோர் முதலிலேயே இடறுவது 'மினியேச்சர்' என்னும் சொல்லில். நாம் 'நுண்ணோவியம்' அல்லது 'சிற்றோவியம்' என்கிறோம். மூலச்சொல்லோ சிறுமையைக் குறித்ததன்று; ஏட்டில் தீட்டப் பயன்பட்ட செந்தூரத்தின் இலத்தீன் பெயரிலிருந்து வந்தது. ஐரோப்பியரிடமே பின்னாளில் ஏற்பட்ட பொருள் மயக்கத்தை நாம் மொழிபெயர்த்து நிலைபெறச் செய்துவிட்டோம். இதன் விளைவு சிறிதன்று. அக்பர் காலத்து 'ஹம்சாநாமா' ஏடுகள் துணியில் தீட்டப்பட்டவை. ஏறத்தாழ 67 செ.மீ. உயரமுள்ளவை, ஏறத்தாழ 1,400 படங்கள் கொண்ட பெருந்தொகுதி அது. கதையின் வாசகம் ஏட்டின் பின்புறத்தில் எழுதப்பட்டிருந்தது. இத்தகைய ஏட்டை 'நுண்ணோவியம்' என்பது முரணாகும். 'ஏட்டோவியம்' என்பது இக்கட்டுரையாளரின் பரிந்துரை.

கண்காட்சி அமைப்பாளராக அவர் செய்தவற்றுள், ஆர். சிவகுமாருடன் இணைந்து தேசிய நவீன கலைக்கூடத்தில் 2006இல் அமைத்த வினோத்பிகாரி முகர்ஜி நூற்றாண்டுக் கண்காட்சி தலையாயது. சாந்திநிகேதன் இந்தி பவனத்தில் 1946–47இல் வினோத்பிகாரி தீட்டிய இடைக்கால அடியார் சுவரோவியம் மூன்று சுவர்களின் மேற்பகுதியில் ஓடுவது. இராமாநுசரும் கபீரும் இடம்பெறுவது. ஒரே இடத்தில் நின்று அதனைக் காண இயலாது, நடந்தே காணவேண்டும். வினோத்பிகாரியின் மாணவர் கே.ஜி. சுப்பிரமணியன், அவரிடம் பரோடாவில் பயின்றவர் ஷேக். ஆசிரியரின் ஆசிரியரைக் காட்சிப்படுத்துகையில் தம் கொள்கைக்கு முன்னோடி ஒருவரையும் அவர் நிறுவிக்கொள்கிறார். அதில் தவறில்லை, கலைஞர் எழுதும் வரலாறு தன் தேவையை மறைப்பதில்லை என்பது அதன் நேர்மை.

ஆயினும் அவ்வரலாற்றறிவு ஓவியத்திற்கு எப்போதும் துணைபுரிந்ததெனக் கூற இயலாது. 1981–84இல் உருவான 'விற்பனைக்கு நகரம்' என்னும் பொருள்படும் பெரும்படத்தில் கலவரமும் காய்கறி வண்டியும் 'சில்சிலா' ஓடும் திரையரங்கும் நெருக்கியடித்து நிற்கின்றன; சியனா நகரத்து லொரென்செத்தியை அறியாதவரும் அந்நகரை உணர்வர். 2000க்குப் பிந்திய 'மப்பா முண்டி' வரிசை அவ்வாறன்று. 1943இல் குண்டுவீச்சில் அழிந்த எப்ஸ்டார்ப் உலகப்படத்தின் சட்டகத்துள் கபீரும் மஜ்னூனும் மகதலேனா மரியாளும் வருகின்றனர். ஒவ்வோர் உருவமும் ஓர் அடிக்குறிப்பை வேண்டி நிற்கிறது. இங்கு ஆசிரியர் ஓவியரை முந்திவிடுகிறார் என்பது நம் மதிப்பீடு.

'காவட்' படைப்புகளில் இக்குறை இல்லை. இராஜஸ்தானத்துக் கதைசொல்லிகள் ஊர் ஊராகச் சுமந்து சென்று, கதவு கதவாகத் திறந்து கதை சொல்லும் ஓவியப் பெட்டியே காவட். சித்தோர்கட் அருகிலுள்ள பஸ்ஸியின் தச்சர்கள் செய்வது. 2008இல் ஷேக் அதனைப் பார்வையாளர் உட்புகும் அளவிற்குப் பெரிதாக்கினார். கதவைத் திறக்குந்தோறும் முன்னர்க் கண்டது மறைந்து மற்றொன்று தோன்றுவதால், 'அதவா' இங்கு மரத்தாலேயே செய்யப்பட்டுவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒலியொப்புமையால் இதனைக் 'காவடி' எனத் தருவது பெரும் பிழையாகும். தோளில் சுமக்கும் நேர்த்திக்கடன் வேறு, திறந்து காட்டும் கதைப்பெட்டி வேறு. 'காவட்' என்றே எழுதி, முதலில் வருமிடத்தில் 'கதவுகள் கொண்ட கதைப்பெட்டி' என விளக்கம் தருதல் போதுமானது.