சிலைக்குள் இருந்த குரல்

தம் பிள்ளைகள் ஏதோ ஒரு நடிகனின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டு அவனே கதியென்று கிடப்பதாக முறையிடும் பெற்றோரைச் சந்திக்காத பங்குத்தந்தையர் இரார். சுவரில் இருந்த படம் இன்று கைப்பேசிக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. முறையீடு மட்டும் மாறவில்லை. அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கும். 'படத்தைக் கிழித்தெறியுங்கள்' என்போம். அல்லது 'வயதுக் கோளாறு, தானே தெளியும்' என்று சிரித்து அனுப்பிவிடுவோம். இவ்விரு மறுமொழிகளிலும் நாம் எண்ணிப் பாராத ஒருவர் இருக்கிறார். அவர் அந்தப் படத்தில் இருப்பவர். அவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே?

இத்தகைய இளம் நட்சத்திரங்களை ஆங்கிலத்தில் 'டீன் ஐடல்' என்பர். 'ஐடல்' என்பதற்குச் சிலை என்பது பொருள். சிலைக்கு முகம் உண்டு, வாய் உண்டு; தன் சொல் என்று ஒன்று இல்லை. 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பதின்வயதுச் சிறுமியரின் சிலையாக விளங்கிய டேவிட் கேசிடியின் இளமையையும் கலையையும் இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். அவருடைய பாடல்களைச் சிறுவர் சுவைக்கும் மிட்டாய் என்று திறனாய்வாளர் பலர் ஒதுக்கினர். அவரைக் கண்டதும் அலறிய இரசிகையரோ, அந்த அலறலிலேயே பாடலை மூழ்கடித்தனர். இரு சாராரும் செய்த தவறு ஒன்றே என்பது நம் கருத்து: முகத்தைப் பார்த்தனர், குரலைக் கேட்கவில்லை.

தெருவில் கேட்ட செய்தி

கேசிடி 1950 ஏப்ரல் 12 அன்று நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை ஜாக் கேசிடி நடிகர், பாடகர். பின்னாளில் நாடகத்துறையின் உயரிய விருதான டோனி விருதைப் பெற்றவர். தாய் ஈவ்லின் வார்டும் நடிகையே. இருவரும் நாடகக் குழுக்களுடன் ஊர் ஊராகச் செல்ல நேர்ந்ததால், குழந்தை நியூஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் தாய்வழிப் பாட்டன் பாட்டியிடம் வளர்ந்தது.

பெற்றோர் மணமுறிவு பெற்றுவிட்டனர் என்பதைச் சிறுவன் டேவிட் அவர்கள் வாயால் அறியவில்லை. ஆறு வயதளவில், அண்டை வீட்டுப் பிள்ளைகள் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அறிந்தான். அச்செய்தி தெருவுக்கு எப்போதோ பழையதாகியிருந்தது, மகனுக்குத்தான் புதியது. 1956இல் தந்தை, புகழ்பெற்ற நடிகை ஷெர்லி ஜோன்ஸை மணந்தார். அவர்களுக்கு மூன்று ஆண்மக்கள் பிறந்தனர். முதல் மகன் ஒரு வீட்டில் விருந்தாளியாகவும் மற்றொரு வீட்டில் நினைவுச் சின்னமாகவும் ஆனான்.

தன் வீட்டின் மிகப் பெரிய உண்மையைத் தான் மட்டுமே அறியாதிருந்தோம் என்று உணரும் பிள்ளை, அதன்பின் எந்த அன்பையும் எளிதில் நம்பாது. இதை மனத்தில் கொண்டு அவர் பாடல்களைக் கேட்டால், முன்னர் செவியில் படாத ஒன்று படும்.

நான்கே காட்சிகள்

இளைஞர் டேவிட் தந்தையின் தொழிலையே தேர்ந்தார். 1969 ஜனவரி 2 அன்று நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் முதன்முதலாகத் தோன்றினார். அந்த இசை நாடகம் நான்கே காட்சிகளோடு நின்றுபோயிற்று. எனினும் அதன் வழியாகத் திரைத்துறையினரின் கண்ணில் பட்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் சென்று, 'போனன்ஸா', 'அயர்ன்சைடு' முதலிய தொலைக்காட்சித் தொடர்களில் சிறு வேடங்கள் ஏற்றார்.

1970இல் 'தி பார்ட்ரிட்ஜ் ஃபேமிலி' என்னும் தொடர் உருவாயிற்று. கணவனை இழந்த தாய் ஒருத்தி, ஐந்து பிள்ளைகள், அனைவரும் சேர்ந்து ஓர் இசைக்குழு அமைத்து, வண்ணம் பூசிய பழைய பள்ளிப் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று பாடுகின்றனர். மூத்த மகன் கீத் வேடத்திற்கு டேவிட் தேர்வானார். தாய் வேடம் ஏற்றவரோ ஷெர்லி ஜோன்ஸ், அதாவது அவருடைய சிற்றன்னை! தேர்வுக்கு வந்த இடத்தில்தான் டேவிட் இதை அறிந்துகொண்டார்.

இங்குச் சற்று நின்று சிந்திப்போம். பெற்றோரின் பயணங்களால் வீட்டை இழந்த பிள்ளை, பயணத்திலும் பிரியாத ஒரு குடும்பத்தின் மூத்த மகனாக வாரந்தோறும் நடிக்கிறார். தந்தையின் இரண்டாம் மனைவி அங்கே அவர் தாய். கதையில் தந்தையே இல்லை. நான்கு பருவங்கள், 96 பகுதிகள், 1974 மார்ச் வரை இந்த மகிழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. டேவிட்டின் புகழ் தம் புகழை விஞ்சியதை ஜாக் கேசிடியால் தாங்கிக்கொள்ள இயலவில்லை என்பதை மகனே பிற்காலத்தில் வருத்தத்தோடு பதிவு செய்துள்ளார்.

பாடலைக் கேட்போம்

தொடக்கத்தில் டேவிட் பாடவேண்டும் என்றே எவரும் எதிர்பார்க்கவில்லை. ஒலிப்பதிவுக் கூடத்துப் பின்னணிப் பாடகர் பாட, நடிகர்கள் வாயசைப்பதே ஏற்பாடு. தமக்குப் பாட வரும் என்று இசைத் தயாரிப்பாளர் வெஸ் ஃபாரலிடம் கூறி, பாடிக் காட்டி, அவர் முதன்மைக் குரலானார். திரையில் தோன்றிய குடும்பத்தில் இசைத்தட்டுகளில் மெய்யாகவே பாடியவர்கள் அவரும் ஷெர்லி ஜோன்ஸும் மட்டுமே. ஆகவே 'எல்லாம் போலி' என்று கூறிய திறனாய்வாளர், அங்கே போலியல்லாத ஒரே பொருளாகிய அந்தக் குரலையும் சேர்த்தே வீசியெறிந்தனர்.

டோனி ரோமியோ இயற்றிய 'ஐ திங்க் ஐ லவ் யூ' 1970 நவம்பரில் அமெரிக்கத் தரவரிசையின் முதலிடத்தை அடைந்தது. இதனைக் காதல் பாட்டு என்பர்; நாம் அச்சப் பாட்டு என்போம். உறக்கத்தினின்று திடுக்கிட்டு விழிக்கும் ஒருவன், தன்னுள் எழுந்துள்ள உணர்வைக் கண்டு நடுங்குகிறான். அதை வெளியே சொல்லவும் அஞ்சுகிறான். தலைப்பே 'காதலிக்கிறேன்' என்று உறுதி கூறவில்லை. 'காதலிக்கிறேன் என நினைக்கிறேன்' என்று தயங்குகிறது. இசை சோகச் சாயலில் தொடங்குகிறது; இடையே பழங்காலத்து ஹார்ப்சிகார்ட் ஒலி திடீரென நுழைந்து ஏதோ பழைய மாளிகையின் இருட்டை நினைவூட்டுகிறது. டேவிட் குரலை உயர்த்தி முழங்கவில்லை. மூச்சோடு கலந்து, காதருகே இரகசியம் பேசுவதுபோலத் தொடங்கி, பின்னர் எழுகிறார். அந்தத் தயக்கம் நடிப்பாக நமக்குத் தோன்றவில்லை.

1972இல் இங்கிலாந்தில் முதலிடம் பெற்ற 'ஹவ் கேன் ஐ பீ ஷ்யூர்' என்பதும் அத்தகையதே. யங் ராஸ்கல்ஸ் குழுவினர் 1967இல் வெளியிட்ட அப்பாடலின் தலைப்பு ஒரு கேள்வி: நான் எவ்வாறு உறுதி கொள்வேன்? பிறர் எழுதியதாயினும் அது தமக்கென்றே எழுதப்பட்டதுபோல் அவர் பாடுகிறார்.

இவற்றைக் கூறும்போது, எல்லாமே இத்தரத்தவை என்று நாம் வாதிடவில்லை. 1970 முதல் 1973 முடிய, குழுவின் பெயரில் எட்டு இசைத்தொகுப்புகளும் அவர் பெயரில் மூன்றும் வெளிவந்தன. நான்கே ஆண்டுகளில் பதினொன்று! பகலில் படப்பிடிப்பு, இரவில் ஒலிப்பதிவு, வார இறுதியில் மேடை நிகழ்ச்சி என்றிருந்தால் பாடல்கள் அச்சில் வார்த்த செங்கல்களாய்த்தான் இருக்கும். பல அவ்வாறே இருக்கின்றன. கதையில் கீத் தானே பாட்டெழுதுபவன். மெய்யில் டேவிட் பாடியவற்றுள் பெரும்பாலானவை பிறர் எழுதிக் கொடுத்தவை. தம் கற்பனைப் பாத்திரத்துக்குக் கிட்டிய உரிமை அவருக்குக் கிட்டவில்லை.

முகம் யாருடையது?

தொடக்க ஒப்பந்தத்தில் அவருடைய ஊதியம் வாரத்துக்கு 600 டாலர். அவர் முகமும் பெயரும் பொறித்த பொருள்கள் கடைதோறும் விற்றன. அந்த உரிமையோ ஸ்கிரீன் ஜெம்ஸ் நிறுவனத்தின் கையில் இருந்தது. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபோது அவருக்கு 21 வயது நிரம்பவில்லை; அன்றைய சட்டப்படி அவர் உரிய வயது எய்தாதவர். இதைக் கண்டறிந்த அவருடைய மேலாளர் ரூத் ஏரன்ஸ், அதனைக் காட்டியே மேலான நிபந்தனைகளுடன் புதிய ஒப்பந்தம் பெற்றுத் தந்தார். தன் முகத்துக்குத் தான் உரிமை கேட்க வழக்கறிஞர் மொழி தேவைப்படும் தொழில் அது.

இலத்தீனில் 'பெர்சோனா' என்னும் சொல் முதலில் நாடக மேடையின் முகமூடியைக் குறித்தது. பின்னர் திருச்சபையின் இறையியலார் அதே சொல்லை எடுத்து, ஒருவருக்கு மாற்றாக மற்றொருவரை வைக்க இயலாத 'ஆள்' என்னும் பொருளில் வழங்கினர். முகமூடியைக் குறித்த சொல் ஆளைக் குறிக்க வந்தது சிந்தனை வரலாற்றின் பெரும் பேறுகளுள் ஒன்று. புகழ் வாணிகம் அப்பாதையில் பின்னோக்கி நடக்கிறது. ஆளை மீண்டும் முகமூடியாக்குகிறது.

அந்த முகமூடியைக் கழற்ற டேவிட் முயலாமல் இல்லை. 1972 மே மாதம் 'ரோலிங் ஸ்டோன்' இதழின் அட்டைக்கு ஆடையின்றிப் படம் எடுக்க இசைந்தார். பால்மணம் மாறாப் பிள்ளை என்ற பிம்பத்தை உடைப்பதே நோக்கம். அவருடைய ஆற்றாமை நமக்குப் புரிகிறது. ஆனால் வழி பிழையானது. விற்பனைக்குரிய ஒரு படத்தை அழிக்க விற்பனைக்குரிய மற்றொரு படத்தையே கருவியாக்கினார். உடையைக் களைந்தாரேயன்றி முகமூடி கழன்றபாடில்லை.

1974, மே 26

இலண்டன் ஒயிட் சிட்டி அரங்கில் அன்று நிகழ்ந்த இசை நிகழ்ச்சியில் கூட்டம் மேடையை நோக்கி நெருக்கியடித்தது. நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். பதினான்கே வயதான சிறுமி ஒருத்தி, நினைவு திரும்பாமலே நான்கு நாள்களுக்குப் பின் உயிர் நீத்தாள்.

பாட்டுக் கேட்கச் சென்ற பிள்ளையை இழந்த வீட்டின் முன் நம் திறனாய்வு முழுவதும் வாயடைத்து நிற்கிறது. அச்சிறுமியைப் பித்துப் பிடித்தவள் என்று எவரும் இகழவேண்டா. அவள் கொண்ட அன்பு பொய்யன்று. ஆனால் அந்த அன்பு போய்ச் சேரவேண்டிய இடத்தில் ஆள் இல்லை, சிலையே இருந்தது. சிலையின் உள்ளே சிக்கியிருந்தவரும் அவளைப் போலவே அன்பைத் தேடிக்கொண்டிருந்தார். அச்சுற்றுப்பயணத்தோடு கேசிடி மேடையை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 24.

அதன் பின்

எஞ்சிய வாழ்வைச் சுருங்கக் கூறலாம். 1976 டிசம்பரில் ஜாக் கேசிடி தம் குடியிருப்பில் பற்றிய தீயில் மாண்டார். தந்தைக்கும் மகனுக்கும் இடையிலிருந்த கசப்பு தீராமலே போயிற்று. 1978இல் 'போலீஸ் ஸ்டோரி' தொடரின் ஒரு பகுதியில், மாணவனாக வேடமிட்டுப் பள்ளிக்குள் நுழையும் காவலராக நடித்து, எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். வேறொருவராக வாழ நேர்ந்தவரின் துயரம் அவருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை அன்றோ! 1993இல் பிராட்வேயில் 'பிளட் பிரதர்ஸ்' இசை நாடகத்தில், பிறந்த உடனே பிரிக்கப்பட்ட இரட்டையராக அவரும், தந்தையின் மறுமணத்தில் பிறந்த தம்பி ஷானும் நடித்தனர். இளமையில் கலைந்த குடும்பத்தின் இரு பிள்ளைகள் மேடையில் உடன்பிறப்பாய் நின்ற அக்காட்சி, 96 பகுதிகளிலும் கிட்டாத உண்மையை உடையது.

குடிப்பழக்கம் தந்தையைப் போலவே அவரையும் பற்றியது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காகக் கைதானார். 2015இல் நொடிப்பு அறிவிக்க நேர்ந்தது. 2017 நவம்பர் 21 அன்று, கல்லீரல் செயலிழந்து, 67ஆம் வயதில் காலமானார். எத்துணைக் காலம் வீணாயிற்று என்பதே தந்தையின் இறுதிச் சொற்களின் பொருள் என்று அவர் மகள் உலகுக்கு அறிவித்தார். அந்தச் சொற்களையாவது பிறர் எழுதிக் கொடுக்கவில்லை.

கேசிடியின் வீழ்ச்சிக்கு நிறுவனத்தையோ இரசிகரையோ மட்டும் குற்றஞ்சாட்டுதல் நேர்மையாகாது. குடித்தவர் அவர், அதன் பொறுப்பும் அவருடையதே. ஆயினும் இருபது வயது இளைஞனின் தோளில் ஒரு தலைமுறையின் கனவை ஏற்றிவிட்டு, அவன் தள்ளாடியதும் வேறொரு தோளைத் தேடிச் செல்லும் வழக்கத்தில் நம் அனைவருக்கும் பங்குண்டு.

ஆதலின், பெற்றோரே, படத்தைக் கிழிக்கும் முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் பிள்ளை விரும்பும் பாடலை ஒருமுறை அவரோடு அமர்ந்து முழுமையாகக் கேளுங்கள். இதை எழுதியவர் யார், பாடியவருக்கு அப்போது என்ன வயது, அவருக்கு ஓய்வு கிடைத்ததா, வருவாய் யாரிடம் சென்றது என்று வினவுங்கள். இக்கேள்விகள் பிள்ளையின் அன்பைக் கெடுக்கமாட்டா. சிலையிடமிருந்து ஆளிடம் திருப்பிவிடும். அன்றிரவு உங்கள் வீட்டைப் பற்றிய ஏதேனும் ஓர் உண்மையை, தெருவார் சொல்லும் முன்பே, நீங்களே உங்கள் பிள்ளையிடம் சொல்லவும் அந்த உரையாடல் வழி திறக்கக்கூடும்.