முதல்நிலை அளவையியல் கல்வியும் மணிமேகலையின் அளவைக் காதைகளும்

ஆய்வுச்சுருக்கம்

கல்லூரிகளில் கற்பிக்கப்பெறும் முதல்நிலை அளவையியல், வாதத்தின் வடிவத்தை வாதிடுவோரிடமிருந்து பிரித்து ஆராய்கிறது. மணிமேகலையின் 29ஆம் காதையோ வாதத்தை எதிர்வாதியோடு சேர்த்தே எண்ணுகிறது. இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் நேரும் இழப்பையும், காதைகளின் வைப்புமுறை கற்பித்தலுக்குத் தரும் குறிப்பையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: அளவையியல், மணிமேகலை, அனுமானம், திட்டாந்தம், போலி, ஏற்புடைமை

முன்னுரை

எல்லா மனிதரும் இறப்பவர், சாக்ரடீசு மனிதர், ஆகவே சாக்ரடீசு இறப்பவர். அளவையியல் வகுப்பில் நுழையும் மாணவர் பெரும்பாலும் முதலில் காண்பது இம்முக்கூற்று வாதத்தையே. இக்கட்டுரையாளர் இளங்கலையில் இப்பாடத்தைத் தமிழ்வழியில் பயின்றபோது, இந்திய மரபின் ஐந்துறுப்பு அனுமானத்திற்கு ஒரே ஒரு வகுப்பு ஒதுக்கப்பட்டது. அது அரிஸ்டாட்டிலின் முக்கூற்று வாதமே என்றும், எஞ்சிய இரண்டு உறுப்புகள் மிகை என்றும் கூறப்பட்டது. தேர்வுக்கு அவ்விடை போதுமானதாக இருந்தது. பின்னர் மணிமேகலையைப் பாடமாகப் பயின்றபோது அது போதவில்லை.

வடிவம் தரும் தெளிவு

மேலை மரபு தரும் பயிற்சியைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. நால்வகைக் கூற்றுகளும் நான்கு உருவங்களும் சேர்ந்து 256 வடிவங்கள் பிறக்கின்றன. அவற்றுள் 15 மட்டுமே ஏற்புடையன என இன்றைய அளவையியல் கொள்கிறது. 'எல்லா மீன்களும் பறப்பன. சுறா ஒரு மீன். ஆகவே சுறா பறக்கும்' என்னும் வாதத்தில் முதல் எடுகூற்றும் முடிவும் பொய். ஆயினும் வாதம் ஏற்புடையது. எடுகூற்றுகள் உண்மையாயின் முடிவும் உண்மையாகியே தீரும்.

மாணவர் தடுமாறும் இடம் இதுவே. 'சரியான வாதம்' என்று தமிழில் சொல்லும்போது கூற்றின் உண்மையும் வடிவத்தின் ஏற்புடைமையும் ஒருசேரக் குறிக்கப்படுகின்றன. இரண்டையும் பிரித்தறியக் கற்றவர், தமக்கு உடன்பாடில்லாத முடிவைச் சொல்பவரின் வாதத்தையும் நடுநிலையோடு ஆராய இயலும். முதல்நிலைப் பாடத்தின் தலையாய பயன் இது. மணிமேகலை இப்பிரிவினையைத் தனியே வகுத்துரைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

எதிர்வாதியை மறவாத அளவை

29ஆம் காதையில் அறவண அடிகள் கொள்ளும் அளவைகள் இரண்டே: பிரத்தியக்கம், அனுமானம். அனுமானத்தின் உறுப்புகளாகப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் ஆகிய ஐந்தையும் கூறி, இறுதி இரண்டும் திட்டாந்தத்தில் அடங்கும் என்கிறார். மலையில் நெருப்புண்டு என்பது பக்கம், புகையுடைமை ஏது, அடுக்களை திட்டாந்தம். இங்கும் உறுப்புகள் மூன்றாகவே, அரிஸ்டாட்டிலோடு ஒப்பிடும் ஆசை எழுகிறது. ஆனால் முக்கூற்று வாதத்தில் எடுத்துக்காட்டுக்கு இடமில்லை. இங்கோ அடுக்களையை நீக்கினால் அனுமானமே குறைவுறும். வாதியும் எதிர்வாதியும் ஒருங்கே கண்டறிந்த இடம் அது.

போலிகளின் பகுப்பு இதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10 எனக் குற்றங்கள் 33. இத்தொகை சங்கரசுவாமியின் நியாயப்பிரவேசத்தோடு ஒத்திருப்பதால், இப்பகுதியைத் தமிழுக்கே உரிய படைப்பாகக் கொண்டாடுவது பொருந்தாது. பௌத்த அளவை மரபின் தமிழாக்கமாகவே அதனைக் கருத வேண்டும். 'என் தாய் மலடி' என்னும் தன்முரண் கூற்று இப்பட்டியலில் ஒரு குற்றம். ஒலி அழியும் என்று பௌத்தன் சாங்கியனிடம் சொல்வதும் குற்றமே. ஏனெனில் பொருள்கள் அழியும் என்பதையே சாங்கியன் ஏற்பதில்லை. பௌத்தனுக்குத் தன் கூற்று உண்மையே. ஆயினும் எதிரே நிற்பவன் ஏலாத ஒன்றின்மீது எழுப்பிய வாதம் நிலைபெறாது. வடிவத்தை மட்டும் நோக்கும் பாடம் இக்குற்றத்தைக் காண்பதற்கில்லை.

வாதத்திற்குப் பின் இலக்கணம்

எஸ். கிருஷ்ணசுவாமி ஐயங்காரின் 1928ஆம் ஆண்டு நூல் உள்ளிட்ட ஆய்வுகளில், இக்காதை திக்நாகருக்கு முந்தியதா பிந்தியதா என்னும் வினா பெரிதும் பேசப்பட்டது. காலக்கணிப்புக்குக் கருவியான இப்பகுதி, கதைக்குள் எங்கு வைக்கப்பட்டுள்ளது என்பதும் எண்ணத்தக்கது. 27ஆம் காதையில் வஞ்சியில் மணிமேகலை பல்வேறு சமயவாதிகளின் கூற்றுகளைக் கேட்கிறாள். காட்சி ஒன்றே அளவை என்னும் பூதவாதியிடம் மட்டும் அவள் மறுமொழி கூறுகிறாள்: தாய் தந்தையரை இன்னார் என்று அனுமானத்தாலன்றி அவன் எவ்வாறு அறிந்தான்? எதிர்வாதி மறுக்கவியலாத ஒன்றையே அவள் எடுத்துக்கொள்வது கருதத்தக்கது. அனுமானத்தின் உறுப்புகளையும் போலிகளையும் அவள் கேட்டறிவது அதன் பின்னர், காஞ்சியில்.

ஆகவே காப்பியத்தின் வரிசை கேட்டல், வாதிடல், இலக்கணம் கற்றல் என அமைகிறது. இலக்கியத்திற்குப் பின்னரே இலக்கணம் என்னும் தமிழ் மரபுக்கும் இது இசைவானது. நம் வகுப்பறையில் இவ்வரிசை தலைகீழாகிறது. விதிகள் முதலில் வருகின்றன; பயிற்சிக்குச் சாக்ரடீசும் சுறாவும் வருகின்றனர்; மாணவர் தாமே கேட்டு ஐயுற்ற வாதம் ஒன்றுகூட வருவதில்லை. விதிகளை மனப்பாடம் செய்து தேறியவர் ஒரு தலையங்கத்தின் முன் கைபிசைந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவுரை

முக்கூற்று வாதமும் அறவணர் கூறும் அனுமானமும் ஒன்றல்ல. முன்னது, முடிவு எடுகூற்றுகளிலிருந்து பிறக்கிறதா என வினவுகிறது. பின்னது, எதிரே நிற்பவர் அதனை ஏற்கக் காரணம் உண்டா என்றும் வினவுகிறது. ஒன்றை மற்றொன்றின் குறையுடைய வடிவமாகக் கற்பிப்பின் மாணவர் இரண்டையும் இழப்பர். தமிழ்வழி அளவையியல் பாடத்தின் முதல் வாரத்தில் பூதவாதியிடம் மணிமேகலை தொடுத்த வினாவையும், வடிவ விதிகளுக்குப் பின் 29ஆம் காதையின் போலிகளையும் வைத்துக் கற்பிக்கலாம். தமிழ் இலக்கிய வகுப்பிலும், வறண்ட பட்டியலெனத் தள்ளப்படும் அக்காதை, வாதிட்டுப் பழகிய ஒருத்தி கேட்ட பாடமாகப் படிக்கப்பட வேண்டும்.